பொருள்: ‘ஏர் லாக்’ – ‘காற்றுக்கட்டு’ என்று சொல்லலாமா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

வாகனச் சொற்பட்டியலில் ‘ஏர் லாக்’ (திரவம் ஓட வேண்டிய பாதையில் காற்று தங்கி ஓட்டத்தைத் தடுக்கும் பழுது) என்பதற்கு இதுவரை காற்றுப்பூட்டு, காற்றடைப்பு, காற்றுப்பிடிப்பு என்ற மூன்று சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. மூன்றையும் எண்ணிப் பார்த்தபின் ‘காற்றுக்கட்டு’ என்ற நான்காவது சொல்லைப் பரிந்துரைக்க விரும்புகிறேன். பழுது இன்னதென்று தெளிவானால்தான் சொல்லின் பொருத்தத்தை எடைபோட முடியும் என்பதால், அண்மையில் இங்கே பெங்களூரில் நான் அருகிருந்து பார்த்த ஒரு வண்டியிலிருந்து தொடங்குகிறேன்.

நண்பர் ஒருவர் தம் பழைய மாருதி 800-இல், அதே நிறுவனத்தின் பெரிய காரான எஸ்டீமின் என்ஜினைப் பொருத்தியிருந்தார். 796 சிசி கொண்ட மூன்று சிலிண்டர் என்ஜின் இருந்த இடத்தில் 1,298 சிசி கொண்ட நான்கு சிலிண்டர் என்ஜின் உட்கார்ந்தது. சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலில் வண்டி சூடேறி நிற்கத் தொடங்கியதும், பழைய சிறிய ரேடியேட்டர் புதிய என்ஜினுக்குப் போதவில்லை என்றே பட்டறையில் கருதினார்கள். அது நியாயமான ஐயம்தான். ஆற்றல் கூடினால் வெளியேற்ற வேண்டிய வெப்பமும் கூடும். ஆனால் பெரிய ரேடியேட்டர் வைத்த பிறகும் நிலைமை மாறவில்லை. விசிறியின் மின்கம்பிகள் மாறிப்போய் அது எதிர்த்திசையில் சுற்றுகிறதா, புதிய என்ஜினின் வெப்ப உணரி பழைய மீட்டரோடு பொருந்தாமல் பொய் சொல்கிறதா என்பவற்றையும் பார்த்தாயிற்று. இரண்டும் சரியாகவே இருந்தன.

உண்மையைக் காட்டிக்கொடுத்தவை இரண்டு அடையாளங்கள். மீட்டரின் முள் சிவப்புக் கோட்டைத் தொட்ட வேளையிலும் ரேடியேட்டருக்குச் செல்லும் மேல் ஓஸைக் கையால் பிடிக்க முடிந்தது. என்ஜினின் சுடுநீரால் வெப்பம் பெறும் ஹீட்டரைத் திறந்தால் குளிர்ந்த காற்றே வந்தது. அதாவது, என்ஜினுக்குள் கொதிக்கும் வெப்பம் அங்கிருந்து வெளியே புறப்படவே இல்லை. இந்த வண்டியில் எஸ்டீம் என்ஜினின் தெர்மோஸ்டாட் (என்ஜின் சூடானதும் திறந்து சுடுநீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) இருக்கும் கூடு ரேடியேட்டர் மூடியைவிட உயரத்தில் அமைந்துவிட்டது. மூடியின் வழியே கூலன்ட் எனும் குளிர்விக்கும் நீரை ஊற்றியபோது ரேடியேட்டர் விளிம்புவரை நிறைந்ததாகத் தோன்றினாலும், அதைவிட மேலே இருந்த கூட்டுக்குள் காற்று தங்கிவிட்டது. ஏறத்தாழ 82 பாகை செல்சியஸில் திறக்க வேண்டிய தெர்மோஸ்டாட்டின் உள்ளிருக்கும் மெழுகு உருக வேண்டுமானால் சுடுநீர் அதைச் சூழ்ந்திருக்க வேண்டும். காற்று சூழ்ந்திருந்தால் அது உரிய நேரத்தில் திறக்காது. ஒரே பருமனுள்ள காற்றைவிட நீர் 3,000 மடங்குக்கும் மேலாக வெப்பத்தை ஏற்கக்கூடியது என்பதை நினைத்தால், ஒரு கைப்பிடி அளவுக் காற்று தவறான இடத்தில் தங்குவது எத்தனை பெரிய கேடு என்பது புரியும்.

பெங்களூருக்கே உரிய ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருப்பதால், திறந்த பாத்திரத்தில் நீர் இங்கே சுமார் 97 பாகையிலேயே கொதித்துவிடும். 0.9 பார் அழுத்தம் தாங்கும் ரேடியேட்டர் மூடி அந்தக் கொதிநிலையைச் சுமார் 20 பாகை உயர்த்திக் கொடுக்கிறது. மூடியின் ரப்பர் தளர்ந்திருந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும்; அப்போது உண்டாகும் நீராவி, உள்ளே தங்கிய காற்றோடு சேர்ந்து நிலைமையை மேலும் கெடுக்கும்.

இனிச் சொற்களுக்கு வருகிறேன். ‘காற்றுப்பூட்டு’ ஆங்கிலத்தின் நிழல். விண்கலங்களில் இருக்கும் இரட்டைக் கதவு அறைக்கு அந்தச் சொல் ஓரளவு பொருந்தலாம். இங்கே எதுவும் எதையும் பூட்டவில்லை.

‘காற்றடைப்பு’ என்பதைப் பரிந்துரைத்த ஐயா அவர்களின் கருத்தை மதிக்கிறேன். சொல் எளிமையானது, கேட்டவுடன் விளங்குவது போலவும் இருக்கிறது. ஆனால் பட்டறையில் ‘அடைப்பு’ என்றால் ரேடியேட்டரின் நுண்குழாய்களில் துருவும் சேறும் சேர்ந்து வழி மறிப்பதுதான். அதற்கு மருத்துவம் ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவுவது. இதற்கு மருத்துவம் காற்றை வெளியேற்றுவது. ஒரே சொல்லின் இரு வகைகளைப் போல இவற்றைப் பட்டியலில் வைத்தால், கற்றுக்கொள்ளும் இளைஞர் தேவையில்லாமல் ரேடியேட்டரைக் கழற்றுவார். மேலும், காற்றடைத்த பந்து, காற்றடைத்த டயர் என்று நாம் விரும்பி நிரப்பும் காற்றுக்கே அச்சொல் வழங்குகிறது.

‘காற்றுப்பிடிப்பு’ மெக்கானிக்குகள் வாயில் வழங்கும் ‘ஏர் புடிச்சிருக்கு’ என்பதிலிருந்து பிறந்தது. ஆகவே மூன்றில் எனக்கு மிகவும் நெருக்கமானதும் அதுதான். டீசல் லாரிக்காரர்களும் பம்ப்செட் வைத்திருக்கும் உழவர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். எனினும் பெட்ரோல் பங்கில் டயருக்குக் ‘காற்றுப் பிடிப்பது’ என்பதும் அதே வினை. பேச்சில் குழப்பம் வராது. தனிப்பெயராகப் பட்டியலில் நிற்கும்போது வரும்.

‘கட்டு’ என்ற சொல்லுக்கு நம் மருத்துவ வழக்கில் துல்லியமான ஒரு பொருள் உண்டு. நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது, மார்பில் பால் கட்டிக்கொண்டது, மலக்கட்டு, நீர்க்கட்டு என்னும்போது, வெளியேற வேண்டியது வெளியேறாமல் உள்ளே தங்கி வலியும் வெப்பமும் உண்டாக்குவதையே சொல்கிறோம். என்ஜினில் நிகழ்வதும் அதுவே. ‘தெர்மோஸ்டாட் கூட்டில் காற்றுக் கட்டியிருக்கிறது’ என்றால் எவரும் விளக்கம் கேட்க மாட்டார்கள். ரேடியேட்டர் அடைப்போடும் டயர்க் காற்றோடும் அது மோதவும் இல்லை; டீசல் குழாய்க்கும் பிரேக் குழாய்க்கும் அப்படியே பொருந்துகிறது.

இதன் மறுபக்கமாகிய செயலுக்குக் ‘காற்றெடுப்பு’ போதும் என்பது என் கருத்து. ‘ஏர் எடுக்கணும்’ என்று பட்டறையில் ஏற்கெனவே சொல்கிறார்கள். நண்பரின் வண்டியில் அதைச் செய்த விதம் இதுதான்: என்ஜின் முற்றும் ஆறியபின் வண்டியின் முன்பக்கத்தைச் சரிவில் உயர்த்தி, மூடியின் வாய் எல்லாவற்றுக்கும் மேலே வருமாறு நிறுத்தி, புனல் வைத்துக் கூலன்ட் ஊற்றினார்கள். ஹீட்டரை முழுதாகத் திறந்துவிட்டு என்ஜினை மெல்ல ஓடவிட்டு, மேல் ஓஸை இடைவெளி விட்டு மீண்டும் மீண்டும் அழுத்தியபோது புனலில் பெரிய குமிழிகள் வந்தன, பிறகு சிறியவை வந்தன, பிறகு நின்றன. தெர்மோஸ்டாட்டின் விளிம்பில் இருக்கும் சிறிய காற்றுத்துளை கீழ்நோக்கிப் பொருத்தப்பட்டிருந்தது; அதையும் மேல்நோக்கித் திருப்பி வைத்தார்கள்.

பட்டியலில் இச்சொல் ஏற்கப்பட்டால், அதன் விளக்கத்தில் ஒரு வரியைக் கட்டாயம் சேர்க்க வேண்டுகிறேன். காற்றெடுத்த பிறகும் குமிழிகள் ஓயாமல் வந்துகொண்டே இருந்தால் அது காற்றுக்கட்டு அன்று. ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர்களுக்கும் அவற்றின் மேல்மூடிக்கும் இடையே கசிவைத் தடுக்கும் தகடு) பழுதாகி, எரியும் வாயு கூலன்டுக்குள் நுழைகிறது என்று ஐயுற வேண்டும். அதற்கு ‘வாயுக்கசிவு’ என்று தனிப் பதிவு தேவை. அந்தப் பதிவின் வரைவை நானே எழுதி அனுப்புகிறேன். காற்றுக்கட்டு பற்றிய மறுப்புகள் இருந்தால், பட்டறை வழக்கிலிருந்து எடுத்துக்காட்டோடு எழுதுமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.