மறுமொழி: ‘செயின் பிக்கரல்’ மீனுக்குத் தமிழ்ப்பெயர் – ‘சங்கிலித் தட்டலகன்’ ஆகுமா?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். வட அமெரிக்க நன்னீர் மீனான செயின் பிக்கரலுக்குத் தமிழ்ப்பெயர் தேடும் இந்த இழையில் இதுவரை பிக்கரல், சிறுஈட்டிமீன், கரும்பைக், சங்கிலிச் சீலா, தொடரிமீன் என்று ஐந்து பெயர்கள் வந்துவிட்டன. மாசச்சூசெட்ஸ் ஏரிகளில் இந்த மீனைப் பிடித்துப் பழகியவன் என்ற உரிமையில் முதலில் ஒரே ஒரு நிபந்தனை வைக்கிறேன். தூண்டிலில் ஏறிய மீனைக் கையில் வைத்துக்கொண்டு ‘இது என்ன மீன்?’ என்று விழிப்பவனுக்கு நாம் வைக்கும் பெயர் உதவ வேண்டும். அகராதியில் அழகாக இருப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

> ஒலிபெயர்த்து ‘பிக்கரல்’ என்றே விட்டுவிடலாமே. ஏன் இந்தப் பாடு?

விட்டுவிடலாம், அந்தச் சொல் ஒரே மீனைக் குறித்தால். கனடாவின் ஒன்டாரியோவிலும் மானிடோபாவிலும் கடைக்குப் போய் ‘பிக்கரல்’ கேட்டால் எடுத்துத் தருவது வால்ஐ என்ற வேறொரு மீன். அது பெர்ச் குடும்பம்; முதுகில் முள்துடுப்பு, இருட்டில் பளபளக்கும் கண், முள் குறைந்த வெள்ளைச் சதை. நாம் பேசும் மீனோ ஈசாக்ஸ் பேரினம். டொராண்டோவில் இருக்கும் தமிழர் ஒருவரும் பாஸ்டனில் இருக்கும் தமிழர் ஒருவரும் ‘பிக்கரல்’ குழம்பு பற்றித் தொலைபேசியில் பேசிக்கொண்டால் இருவரும் வெவ்வேறு மீனைத்தான் சமைத்திருப்பார்கள். ஆங்கிலத்திலேயே இருக்கும் குழப்பத்தை ஒலிபெயர்த்து நாமும் வாங்கிக்கொள்ள வேண்டுமா?

ஈசாக்ஸ் பேரினத்தின் இன்னொரு பெரிய மீனுக்கு ஆங்கிலத்தில் உள்ள ‘பைக்’ என்ற பெயரை ஒட்டவைப்பது இன்னும் மோசம். ‘நேற்று ஏரியில் ஒரு பைக் பிடித்தேன்’ என்று எழுதினால், வண்டியை யார் ஏரிக்குள் தள்ளினார்கள் என்றுதான் தமிழ் வாசகர் கேட்பார்.

> அறிவியற்பெயரில் ‘நைகர்’ இருக்கிறது. லத்தீனில் கருப்பு. ஆகவே கரும்பைக்.

1818இல் பிரெஞ்சு இயற்கையியலாளர் லெசூயர் வைத்த பெயர் அது; அறிவியலில் அது அப்படியே இருக்கட்டும். ஆனால் நீரிலிருந்து எடுத்த மீனைப் பாருங்கள். முதுகு கரும்பச்சை, விலா பச்சையும் பொன்னும் கலந்த நிறம், வயிறு வெளுப்பு. அந்தப் பொன்பச்சையின் மேல் கருங்கோடுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு ஓடும். அந்தச் சங்கிலிதான் இந்த மீனின் முகவரி. ‘கரும்’ என்ற அடைமொழியை நம்பி ஏரிக்குப் போகிறவர் கையில் இருக்கும் மீனையே ‘இதுவல்ல’ என்று திருப்பி விட்டுவிடுவார்.

> சங்கிலி வடசொல். ‘தொடரி’ என்று வைக்கலாம்.

ஐயா, உங்கள் தனித்தமிழ்ப் பற்றை மதிக்கிறேன். ஆனால் தொடரி ஏற்கெனவே ரயிலாகிவிட்டது. முட்புதர் ஒன்றுக்கும் அந்தப் பெயர் உண்டு. ‘கண்ணி’ நல்ல சொல்தான், சங்கிலியின் ஒரு வளையத்துக்கும் பெயர், பறவை பிடிக்கும் சுருக்குக்கும் பெயர். மீன்பிடிக்கும் பேச்சில் கண்ணி என்றதும் வலையும் சுருக்கும் நினைவுக்கு வந்து பெயர் திசைமாறும். கழுத்திலும் கிணற்றிலும் தேரிலும் கிடக்கும் சங்கிலியை அயலது என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

அடைமொழியில் இவ்வளவு போதும். சிக்கல் முழுவதும் அடிப்பெயரில்தான் இருக்கிறது.

> சீலாவைப் போலவே நீண்ட வாய், கோரப்பல். சங்கிலிச் சீலா என்றால் நம் மீனவருக்கு உடனே புரியும்.

புரியும், தவறாகப் புரியும். சீலா கடல்மீன், அதற்கு முதுகில் இடைவெளி விட்டு இரண்டு துடுப்புகள். நம் மீனுக்கு முதுகுத் துடுப்பு ஒன்றே ஒன்று. அதுவும் வாலை ஒட்டிப் பின்னால் தள்ளி, கீழே உள்ள குதத்துடுப்புக்கு நேர் மேலே இருக்கும். உடலின் உந்துவிசை முழுவதும் பின்பகுதியில் குவிந்திருப்பதால்தான், பாசிக்குள் அசையாமல் கிடந்துவிட்டு ஒரே பாய்ச்சலில் இரையைக் கவ்வ முடிகிறது. துரத்திப் பிடிக்கும் மீனின் உடலமைப்பு வேறு, பதுங்கிப் பாயும் மீனின் உடலமைப்பு வேறு. வழக்கத்தை வைத்துச் சொன்னால் இதற்கு நெருக்கம் நம் குளத்து விரால். அதனால் ‘சங்கிலி விரால்’ என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். உறவுமுறை எதுவும் இல்லை.

> பைக் என்பதே ஈட்டி. பிக்கரல் என்றால் குட்டி பைக். ஆகவே சிறுஈட்டிமீன்.

சொற்பிறப்பு சரிதான். அதையே பெயராக்குவதில் இரண்டு இடையூறுகள். இந்தியப் பெருங்கடலிலும் பசிபிக்கிலும் திரியும் மார்லின் குடும்பத்து மீன்கள் சிலவற்றுக்கு ஆங்கிலத்தில் ஏற்கெனவே ‘ஈட்டிமீன்’ என்ற பொருளில் பெயர் இருக்கிறது. நாளைக்கு அவற்றைத் தமிழாக்க வருபவர் நம்மோடு மல்லுக்கு நிற்பார். இரண்டாவது, ‘சிறு’. 24 அங்குலச் சங்கிலி மீனைப் பிடித்தவர் கையில் இருப்பது சிறியதா? அதே ஏரியில் பத்து அங்குலத்தில் ஒரு பைக் குஞ்சும் சிக்கும். 1961இல் ஜார்ஜியாவின் ஹோமர்வில்லில் பிடிபட்டு உலகச் சாதனையாகப் பதிவான சங்கிலி மீனின் எடை 9 பவுண்டு 6 அவுன்ஸ், அதாவது நாலேகால் கிலோ. பைக் இதைவிடப் பல மடங்கு வளரும் என்பது உண்மை. ஆனால் வளர்ந்து முடிந்த அளவை வைத்து அகராதிக்காரர் பிரிக்கலாம். தூண்டிற்காரர் பிரிக்க முடியாது.

என் முன்மொழிவு: ஈசாக்ஸ் பேரினம் முழுவதற்கும் ‘தட்டலகன்’. இந்தக் குடும்பத்து மீன் எதை எடுத்தாலும் தலை மேலிருந்து அமுக்கியதுபோல் தட்டையாக, வாத்தின் அலகு மாதிரி நீண்டிருக்கும். ‘அளவைக்கான அலகோடு குழம்பாதா?’ என்று ஒருவர் நிச்சயம் கேட்பார். மீனுக்கு மீட்டர் கணக்கில் பொருள்கொள்ளும் வாசகர் அரிது. அலகுக்கு இன்னொரு பொருளும் உண்டு: கத்தியின் அலகு, முருகன் கோயிலில் கன்னத்தில் குத்திக்கொள்ளும் அலகு. ஆங்கிலப் பெயரில் இருந்த ஈட்டியும் தமிழில் சத்தமில்லாமல் உள்ளே வந்துவிடுகிறது. ‘வாத்தலகன்’ என்றும் யோசித்தேன். பிளாட்டிபஸ் அந்தப் பக்கம் முந்திக்கொண்டது.

இனங்களைப் பிரிக்க, மீனின் மேல் கண்ணால் காணும் அடையாளத்தையே அடைமொழியாக்குவோம். பச்சை உடலில் வெளிர்ப்புள்ளிகள் வரிசையாக இருக்கும் வடபுலத்துப் பைக்குக்குப் ‘புள்ளித் தட்டலகன்’. வடக்கு என்பது மீனின் மேல் எழுதியிருப்பதில்லை. துடுப்பு சிவந்து, ஓர் அடிக்கு மேல் அரிதாகவே வளரும் சின்ன உறவினனுக்குச் ‘செந்துடுப்புத் தட்டலகன்’. நம் மீன் ‘சங்கிலித் தட்டலகன்’. இந்தப் பேரினத்திலேயே பெரிய மீனான மஸ்கெலஞ்சின் பெயர் அங்குள்ள தொல்குடியினரின் ஒஜிப்வே மொழி வழியாக வந்தது. அதில் கைவைக்காமல் அப்படியே எழுதுவோம்.

இனி, போன மடலில் கனெக்டிகட் நண்பர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். சங்கிலி தெளிவாக இல்லாத குட்டியை எப்படி அடையாளம் காண்பது? நியாயமான கேள்வி. குட்டிகளில் சங்கிலி இன்னும் கோத்திருக்காது, குறுக்குப் பட்டைகள்தான் தெரியும். அந்த வயதில் செந்துடுப்பனோடு குழப்பம் வருவது இயல்பு. கண்ணுக்குக் கீழே பாருங்கள். மை கரைந்து வழிந்ததுபோல் ஒரு கருங்கோடு இருக்கும். சங்கிலித் தட்டலகனுக்கு அது ஏறக்குறைய நேராகக் கீழே இறங்கும். செந்துடுப்பனுக்குப் பின்பக்கமாகச் சாயும், மூஞ்சியும் குட்டையாக இருக்கும்.

பைக்கா பிக்கரலா என்ற ஐயம் வந்தால் கன்னத்தையும் செவுள்மூடியையும் விரலால் தடவிப் பாருங்கள். சங்கிலிக்கும் செந்துடுப்புக்கும் இரண்டிலும் முழுக்கச் செதில். புள்ளிக்குக் கன்னம் முழுக்கச் செதில், செவுள்மூடியில் மேல்பாதி மட்டும். கீழ்ப்பாதி வழுவழுவென்று இருக்கும். மஸ்கெலஞ்சுக்கு இரண்டிலுமே மேல்பாதிதான். இன்னும் ஐயம் தீரவில்லை என்றால் மீனைத் திருப்பிக் கீழ்த்தாடையின் அடியைப் பார்க்கலாம். வரிசையாகச் சின்னத் துளைகள் இருக்கும்: சங்கிலிக்குப் பெரும்பாலும் பக்கத்துக்கு நான்கு, புள்ளிக்கு ஐந்து, மஸ்கெலஞ்சுக்கு ஆறு முதல் ஒன்பது. இவற்றுக்குத் ‘தாடைத்துளை’ என்றே எழுதிவிடலாம் என்று நினைக்கிறேன். இதற்கெல்லாம் தனி இழை வேண்டாம். எண்ணும்போது மீனை நீருக்கு வெளியே நெடுநேரம் வைத்திருக்க வேண்டாம் என்பது மட்டும் என் வேண்டுகோள்.

பிடிக்கும் முறையைப் பற்றியும் பதிவில் நாலு வரி வேண்டும் என்று நெறியாளர் கேட்டிருந்தார். சங்கிலித் தட்டலகனைத் தேட வேண்டிய இடம் ஆழமில்லாத, பாசியடர்ந்த கரையோரம்: அல்லி இலைகளின் விளிம்பு, நீரில் விழுந்து கிடக்கும் மரம், ஓடை வந்து கலக்கும் முகத்துவாரம். வெள்ளிநிறக் குறுமீனைத் தக்கைக்குக் கீழே உயிரோடு விட்டால் போதும். செயற்கை இரை என்றால் சுழலும் தகடு, பாசியில் சிக்காத கரண்டித் தகடு, ரப்பர் தவளை. ஊரில் விராலுக்குத் தவளை ஓட்டியவர்களுக்கு இங்கே யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஒரே வேகத்தில் இழுக்காமல், இழுத்து நிறுத்தி, மறுபடி வெட்டி இழுக்க வேண்டும். ஆழமில்லாத இடத்தில் இரைக்குப் பின்னால் நீர்ப்பரப்பு அம்புமுனைபோல் பிளந்துகொண்டு வருவது தெரியும். அப்போது கை நின்றுவிடக் கூடாது. நின்றால் மீனும் நின்று ஒரு கணம் முறைத்துவிட்டுத் திரும்பிவிடும்; வேகத்தைக் கூட்டினால் படகின் காலடியிலேயே வந்து அடிக்கும்.

மீனின் பல் தூண்டில் நரம்பை அறுத்துவிடும் என்பதால் தூண்டில் முள்ளுக்கு முன்னால் மெல்லிய எஃகுக் கம்பியோ தடித்த நரம்போ ஒரு முழம் கட்டுவது நல்லது. வாயின் மேற்கூரையிலும் உள்நோக்கிச் சாய்ந்த பற்கள் வரிசையாக இருக்கின்றன. தூண்டில் முள்ளை எடுக்க நீளமூக்குக் குறடு இல்லாமல் போகாதீர்கள். பாஸ் மீனைத் தூக்குவதுபோல் கட்டைவிரலை வாய்க்குள் விட்டவர் இரண்டாம் முறை விடமாட்டார்.

குளிர்காலத்தில் ஏரி உறைந்த பிறகும் இந்த மீன் இரையெடுக்கும். பனியில் துளையிட்டு, துளையின் மேல் ஒரு சட்டத்தை வைப்பார்கள். கீழே மீன் இரையை இழுத்ததும் வளைத்து மாட்டியிருந்த சின்னக் கொடி விடுபட்டு நிமிர்ந்து நிற்கும். அந்தக் கருவிக்குக் ‘கொடித்தூண்டில்’ என்று நான் எழுதி வருகிறேன். மாசச்சூசெட்ஸில் 15 அங்குலத்துக்குக் குறைந்த பிக்கரலை எடுத்துச் செல்லக் கூடாது; ஒவ்வொரு மாநிலத்துக்கும் விதி வேறு என்பதால் பதிவில் எண் போடாமல் ‘உள்ளூர் விதியைப் பார்க்கவும்’ என்றால் போதும். கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்தின் கதை நேர்மாறு. 1945 முதல் யாரோ சட்டத்துக்குப் புறம்பாகக் கொண்டுவிட்டது ஏரி ஏரியாகப் பரவி, 2018இல் கெஜிம்குஜிக் தேசியப் பூங்காவுக்குள்ளும் வந்துவிட்டது. அங்கே உள்ளூர்ச் சிறுமீன்களைத் தின்று தீர்க்கும் அயல் இனமாகத்தான் இதைப் பார்க்கிறார்கள். பதிவில் ‘பரவல்’ என்ற பகுதியை எழுதுபவர் இதை விட்டுவிடக் கூடாது.

சமையல் பற்றிக் கேட்டவருக்கு: சதை வெள்ளை, சுவை உண்டு, முள்தான் எதிரி. தசைக்குள்ளே கவட்டை வடிவில் முட்கள் ஓடும். ‘கவைமுள்’ என்று சொல்லலாம். சதையில் நெருக்க நெருக்கக் கீறல் போட்டு நன்றாகப் பொரித்தால் பெரும்பாலும் தெரியாது. நியூ இங்கிலாந்தில் காடியில் ஊறுகாய் போட்டு முள்ளை மெதுவாக்குவதும் உண்டு. ஆனால் அமிலத்தன்மை மிகுந்த ஏரிகளில், குறிப்பாக நியூ ஜெர்சியின் பைன் பேரன்ஸ் பகுதியில், இந்த மீனில் பாதரசம் சேர்கிறது. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் கொடுக்கும் முன் அந்தந்த மாநிலச் சுகாதார அறிவிப்பைப் பார்ப்பது அவசியம்.

அடிப்பெயர் முடிவானால் ஒரு செடிக்கும் பெயர் கிடைக்கும். இந்த மீன் பதுங்கும் கரையோரங்களில் ஊதாப் பூங்கதிர் நீட்டும் செடி ஒன்றை ஆங்கிலத்தில் இந்த மீனின் பெயராலேயே அழைக்கிறார்கள். நம் ஆகாயத்தாமரைக்கு நெருங்கிய சொந்தம் அது. தாவரவியலார் பலர் இப்போது இரண்டையும் பொன்டெடீரியா என்ற ஒரே பேரினத்தில் வைக்கிறார்கள். ‘தட்டலகன் பூண்டு’ எனக்குப் பிடித்திருக்கிறது. தாவரவியல் படித்தவர்கள் சொல்லட்டும்.

தொகுதிக்கான வரைவு: “சங்கிலித் தட்டலகன்: வட அமெரிக்காவின் கிழக்குக் கரையோர நன்னீர்நிலைகளில் வாழும் கொன்றுண்ணி மீன். பொன்பச்சை உடலில் சங்கிலிபோன்ற கருங்கோடுகள். கண்ணுக்குக் கீழே நேர்க்கருங்கோடு. கன்னமும் செவுள்மூடியும் முழுவதும் செதிலுடையவை. பனி உருகும் இளவேனிலில் ஆழமற்ற பாசிப்பரப்பில் பிசுபிசுப்பான சரம் சரமாக முட்டையிடும், முட்டையைக் காப்பதில்லை.”

‘கொன்றுண்ணி’, ‘இரைகௌவி’ இரண்டில் எது என்பதை விலங்கியல் தொகுதியோடு ஒத்துப்பார்த்து நெறியாளர் முடிவு செய்யலாம். ‘கொடித்தூண்டில்’, ‘கவைமுள்’ இரண்டுக்கும் மறுப்பு இருப்பவர்கள் தலைப்பை மாற்றித் தனி இழையாக எழுதுங்கள். இங்கேயே எழுதினால் மீன் பெயர் மறுபடியும் அடியில் போய்விடும்.

அன்புடன்,
மாசச்சூசெட்ஸ் உறுப்பினர்