‘ஒரு ஷாட்கூட கம்ப்யூட்டர் இல்லையாம்!’

குழு: தாத்தா வீடு

இரவு 8:42

பாலு மாமா: (ஃபார்வர்ட்) இந்தப் படத்தில் ஒரு ஷாட்கூட கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் இல்லை!! அனைத்தும் நிஜம்!! பழைய சினிமா திரும்பி வந்துவிட்டது!! உண்மையான ரசிகர்கள் பகிரவும்!!

பாலு மாமா: இதுதான்யா சினிமா. இப்ப வர்ற விண்வெளிப் படத்தை எல்லாம் பாக்க முடியல. எல்லாம் பச்சைத் துணி முன்னாடி எடுத்துட்டு, பின்னணியைக் கம்ப்யூட்டர்ல ஒட்டுறது

மீனா அத்தை: மத்த குரூப் எல்லாம் முடிச்சிட்டு இங்க வந்திருக்காரு

ஹரிணி: அப்பா, எந்தப் படம்னே அதுல போடல

பாலு மாமா: படம் எதுவா இருந்தா என்ன, விஷயம் உண்மை. 1993-ல ஜுராசிக் பார்க். அத்தனை டைனோசரும் மெஷின். இன்னைக்குப் போட்டாலும் வயித்தைக் கலக்கும். @கார்த்தி நீ சினிமா எஃபெக்ட்ஸ் தொழில்லதான இருக்க, சொல்லு

கார்த்தி: இப்பதான் மாமா ரூமுக்கு வந்தேன். சாப்டுட்டு வரேன்

அம்மா: என்ன சாப்பாடு

கார்த்தி: தோசைம்மா

அம்மா: கடை தோசையா

அம்மா: பதில் சொல்லு

இரவு 9:10

கார்த்தி: மாமா, அந்தப் படத்துல டைனோசர் திரையில வர்றதே மொத்தம் கால் மணி நேரம்தான். அதுல சுமார் 6 நிமிஷம் கம்ப்யூட்டர். மிச்சம் ஸ்டான் வின்ஸ்டன் பட்டறையில செஞ்ச மெஷினும் பொம்மையும்

பாலு மாமா: பாத்தியா, மிச்சம் மெஷின்!

கார்த்தி: இருங்க. மழையில டி-ரெக்ஸ் வர்ற சீன் ஞாபகம் இருக்கா? கார் கண்ணாடிக்கிட்ட தலையைக் கொண்டாந்து உத்துப் பாக்குதுல்ல, அது மெஷின். வேலியைத் தாண்டி முழு உடம்போட நடந்து வருதுல்ல, அது கம்ப்யூட்டர். ஒரே சீன்லயே மாறி மாறி வரும். இத்தனை வருஷமா பாக்குறீங்க, எங்க மாறுதுன்னு உங்களுக்குத் தெரிஞ்சுதா?

ஹரிணி: அப்பா ஆஃப்லைன் 😂

பாலு மாமா: இங்கதான் இருக்கேன்

ஹரிணி: ஜீப்பைத் துரத்துறது எது அத்தான்?

கார்த்தி: கம்ப்யூட்டர். சீக்கு வந்து படுத்திருக்கிற ட்ரைசெராடாப்ஸ் முழுக்க மெஷின். மந்தையா ஓடுற கேலிமைமஸ் முழுக்க கம்ப்யூட்டர்

ஹரிணி: தாத்தா கேக்குறாரு, நான் டைப் பண்றேன்: “மோட்டார்ல ஓடுச்சா, ஹைட்ராலிக்கா?”

கார்த்தி: அந்தப் பெரிய டி-ரெக்ஸ் ஹைட்ராலிக் தாத்தா. சுமார் 40 அடி நீளம், 4 டன் எடை. உள்ள இரும்புச் சட்டம், மேல நுரை ரப்பர்ல தோல். மழை சீன் எடுக்கும்போது அந்த நுரை தண்ணியைக் குடிச்சிருச்சு. எடை ஏறினதும் உடம்பு உதற ஆரம்பிச்சிருச்சு. ஷாட்டுக்கு நடுவுல துண்டும் ஹேர் ட்ரையரும் வச்சுக் காய வச்சு ஓட்டினாங்க

ஹரிணி: தாத்தா: “உதறாம என்ன செய்யும். செட்டிங் எல்லாம் காஞ்ச எடைக்கு வச்சிருப்பான். ஈரத்துல லோடு மாறிப்போச்சு. தோலுக்கு அடியில தண்ணி போகாம ஒரு பூச்சு கொடுத்திருக்கணும்.”

மீனா அத்தை: மாமா மில்லுல ரிட்டயர்டு ஆனாலும் ஃபிட்டர் ஃபிட்டர்தான்

பாலு மாமா: அப்பாவுக்குப் புரியுது. இதுக்குப் பேருதான் உழைப்பு. கம்ப்யூட்டர்ல என்ன, பட்டனைத் தட்டினா டைனோசர்

கார்த்தி: மாமா “பட்டன்”னு மட்டும் சொல்லாதீங்க, எனக்குக் கழுத்து வலி

கார்த்தி: அந்தப் படத்துலயே கேளுங்க. ஃபில் டிப்பெட்னு ஒருத்தர். சின்ன பொம்மையை ஃபிரேம் ஃபிரேமா நகர்த்தி உயிர் கொடுக்கிறதுல கில்லாடி. தூரத்து டைனோசர் எல்லாம் அவரோட டீம்தான் பண்றதா இருந்துச்சு. ஐஎல்எம்ங்கிற எஃபெக்ட்ஸ் கம்பெனியில கம்ப்யூட்டர் டெஸ்ட் காட்டினதும் அந்த வேலை போச்சு. ஆனா அவரை வீட்டுக்கு அனுப்பல. டைனோசர் வடிவத்துல ஒரு இரும்பு எலும்புக்கூடு செஞ்சு, மூட்டுக்கு மூட்டு சென்சார் வச்சாங்க. பொம்மை ஆட்டுற ஆளுங்க அதைக் கையால நகர்த்துவாங்க, அந்த அசைவு அப்படியே கம்ப்யூட்டருக்குள்ள போகும்

கார்த்தி: 1994-ல அந்தப் படத்துக்குக் கொடுத்த விஷுவல் எஃபெக்ட்ஸ் ஆஸ்கார் நாலு பேருக்கு. டென்னிஸ் மியூரன் கம்ப்யூட்டர் பக்கம், ஸ்டான் வின்ஸ்டன் மெஷின் பக்கம், டிப்பெட், அப்புறம் செட்டுல எஃபெக்ட்ஸ் பாத்த மைக்கேல் லாண்டியரி. தம்ளர் தண்ணியில வட்டம் வட்டமா அலை வருமே, அது லாண்டியரி வேலை. அடியில கிடார் கம்பி கட்டி மீட்டினது

அம்மா: அட! அந்தத் தம்ளரைப் பாத்துத்தான் நான் ரொம்பப் பயந்தேன்

பாலு மாமா: சரி. அப்ப 2011-ல வந்த ‘தி திங்’குக்கு என்ன சொல்லுவ? 1982-ல வந்த ‘தி திங்’குக்கு ராப் பாட்டின் கையால செஞ்ச பிராணியைப் பாத்தா இப்பவும் சோறு இறங்காது. அதே கதைக்கு முன்கதைன்னு எடுத்தானுங்களே, ரப்பர் பிராணி எல்லாம் செஞ்சு, செட்டுல ஷூட்டும் பண்ணிட்டு, கடைசில அதுமேல கம்ப்யூட்டரைப் பூசிட்டானுங்க

ஹரிணி: அப்பாவுக்கு இதெல்லாம் தெரியுமா!

பாலு மாமா: யூடியூப்ல அந்தப் பட்டறைக்காரங்களே போட்டிருக்காங்க. வயிறெரிஞ்சு போய் கிக்ஸ்டார்ட்டர்ல காசு திரட்டித் தனியா ஒரு படமே எடுத்தாங்க

கார்த்தி: இதுல நான் உங்க கட்சி மாமா. அந்தப் பிராணிங்க அருமையா இருக்கும். மூடினது அநியாயம்

பாலு மாமா: ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்கிறேன்

கார்த்தி: எடுங்க. ஆனா அதைக் கெடுத்தது கம்ப்யூட்டர் இல்ல. எல்லாம் எடுத்து முடிச்ச பிறகு மனசு மாறுறது. மெஷின் செய்யணும்னா ஷூட்டிங்குக்கு மாசக்கணக்கா முன்னாடியே முடிவு பண்ணியாகணும். எந்தப் பக்கம் கேமரா, எங்க லைட்டு, வால் தெரியணுமா வேணாமா, எல்லாம். செஞ்ச பிறகு மாத்த முடியாது. கம்ப்யூட்டர்னா கடைசி வாரம் வரைக்கும் மாத்தலாம். அதனாலயே மாத்துவாங்க. நேத்து ராத்திரி வேற கிரகம், இன்னைக்குக் காலைல வேற கிரகம், டெலிவரி தேதி மட்டும் அதேதான்

மீனா அத்தை: கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி மெனுவை மாத்திட்டு, காலைல சாம்பார் சரியில்லன்னு சமையக்காரரைத் திட்டுற மாதிரி

கார்த்தி: அத்தை, இதை எங்க ஆபீஸ்ல ஒட்டி வைக்கலாம்

மீனா அத்தை: உங்க மாமா கல்யாணத்துல நடந்ததுதான்

பாலு மாமா: அது எங்க அம்மா மாத்தினது, நான் இல்ல

கார்த்தி: டி-ரெக்ஸ் சீன் நிக்கிறதுக்குக் காரணம் ராத்திரி, மழை, கொஞ்சம் லைட்டு. ஈரத்தோல்ல வெளிச்சம் எப்படி வழுக்கும்னு செட்டுல நிஜ மெஷின்ல பாத்துட்டாங்க. கம்ப்யூட்டர்காரன் அதைப் பாத்துப் பண்ணான். பாத்துப் பண்ண ஒரு நிஜம் இருந்தா எங்க வேலை பாதி முடிஞ்சுது. பல ஷாட்டுல எங்களுக்கு வர்றது பச்சைத் துணி முன்னாடி ஒரு ஆளு, அவ்ளோதான். சூரியன் எந்தப் பக்கம்னே யாரும் முடிவு பண்ணியிருக்க மாட்டாங்க

பாலு மாமா: அதான் டைரக்டர் நோலன் கம்ப்யூட்டர் பக்கமே போறதில்ல. இன்டர்ஸ்டெல்லர் பாரு. நிஜமா சோளம் விதைச்சாரு

கார்த்தி: விதைச்சாரு. கனடாவுல, ஆல்பர்ட்டாவுல, 500 ஏக்கர். விண்கலத்து ஜன்னலுக்கு வெளியகூட பச்சைத் துணி கட்டாம பெரிய புரொஜெக்டர் வச்சு விண்வெளியைக் காட்டினாரு. நடிகர் முகத்துல விழுற வெளிச்சம் நிஜம். ஆனா அந்தக் கருந்துளை? கிப் தார்ன்ங்கிற இயற்பியல் விஞ்ஞானி கொடுத்த சமன்பாட்டை வச்சு டபுள் நெகட்டிவ்ங்கிற எஃபெக்ட்ஸ் கம்பெனிக்காரங்க கம்ப்யூட்டர்லயே போட்டது. சில ஃபிரேம் ஒவ்வொண்ணும் 100 மணி நேரம் வரைக்கும் ஓடுச்சாம். அதை வச்சு 2015-ல ஆராய்ச்சிக் கட்டுரையே வந்துச்சு

ஹரிணி: தட்டினது எந்தப் பட்டன்பா? 😂

பாலு மாமா: நீ படிக்கிற வேலையைப் பாரு

கார்த்தி: அதுல டார்ஸ்னு பலகை மாதிரி ஒரு ரோபோ வரும்ல. அது பில் இர்வின்ங்கிற நடிகர் பின்னாடி நின்னு தள்ளின நிஜப் பொம்மை, 90 கிலோ கிட்ட இருக்கும். குரலும் அவர்தான். படத்துல அவரைப் பாத்தீங்களா?

அம்மா: இல்லையே

கார்த்தி: பாக்க முடியாது. அவரை ஃபிரேம் ஃபிரேமா அழிச்சிருக்காங்கம்மா. நானும் அந்த அழிக்கிற வேலைதான் பாக்குறேன். அதுக்குப் பேரு பெயிண்ட். பொம்மையை ஆட்டுற கம்பி, கம்பியைப் பிடிச்ச ஆளு, ஆளோட நிழல். ஆளை அழிச்சிரலாம், நிழலைத்தான் மறந்துருவாங்க. மணல்ல நிழல் விழுந்தா ரொம்பக் கஷ்டம், ஒவ்வொரு மணலும் தெரியும். ஆள் இல்லாம வெறும் இடத்தை ஒரு தடவை எடுத்துக் கொடுத்தாப் போதும், அதை வச்சு ஒட்டிருவோம். அவசரத்துல அதை எடுக்காம விட்டுருவாங்க. 5 செகண்ட் ஷாட்டுன்னா 120 ஃபிரேம். உக்காந்து மணல் வரையணும்

அம்மா: இதுக்குத்தான் ராத்திரி எல்லாம் கண்ணு முழிக்கிறியா

கார்த்தி: ஆமாம்மா. அப்புறம் படம் ரிலீஸ் ஆகும்போது “ஒரு ஷாட்கூட கம்ப்யூட்டர் இல்ல”ன்னு பேட்டி வரும். நாங்க வேலை பாத்த ஒரு படத்துக்கே அப்படிச் சொன்னாங்க. எந்தப் படம்னு கேக்காதீங்க, ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டிருக்கேன். கிரெடிட்ல எங்க டீம்ல பாதிப் பேர் இல்ல

கார்த்தி: மேட் மேக்ஸ் ஃப்யூரி ரோடு, 2015. எல்லாரும் நிஜம் நிஜம்னு கொண்டாடுற படம். நமீபியா பாலைவனத்துல நிஜ வண்டியை நிஜமாவே கவுத்தாங்க, அதுல சந்தேகமே இல்ல. ஆனா 2000 ஷாட்டுக்கு மேல எஃபெக்ட்ஸ் வேலை. அந்த மணல் புயல் கம்ப்யூட்டர். கதாநாயகி ஃப்யூரியோசாவுக்கு ஒரு கை இல்லையே, நடிச்ச சார்லிஸ் தெரோனுக்கு இருக்குல்ல. அதையும் யாரோ ஒருத்தன் உக்காந்து அழிச்சிருக்கான்

பாலு மாமா: இதை முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல

கார்த்தி: நீங்க எங்க மாமா கேட்டீங்க

பாலு மாமா: ஆனாலும் எனக்கு மெஷின்தான். நடிகன் எதிர்ல ஒரு பொருள் இருந்தா அவன் கண்ணு வேற மாதிரி இருக்கும். டைனோசருக்குப் பதிலா டென்னிஸ் பந்தைக் காட்டினா எப்படிடா பயப்படுவான்

கார்த்தி: அது நியாயம்

அம்மா: எந்திரன் எது? மெஷினா கம்ப்யூட்டரா?

கார்த்தி: ரெண்டும்மா. ஸ்டான் வின்ஸ்டன் 2008-ல இறந்துட்டாரு. அவர்கிட்ட வேலை பாத்தவங்க லெகசி எஃபெக்ட்ஸ்னு ஆரம்பிச்சாங்க. சிட்டி ரோபோ பொம்மை எல்லாம் அவங்க பண்ணது. கம்ப்யூட்டர் வேலைக்கு மேற்பார்வை ஸ்ரீனிவாஸ் மோகன். அந்தப் படத்துக்கு எஃபெக்ட்ஸுக்கும் தேசிய விருது, செட்டு போட்ட சாபு சிரிலுக்கும் தேசிய விருது

அம்மா: அப்ப டைனோசர் செஞ்ச ஆளுங்கதான் ரஜினியையும் செஞ்சாங்களா!

மீனா அத்தை: அண்ணி, இதை ஸ்டேட்டஸ் வைங்க

ஹரிணி: தாத்தா: “டைனோசரை விடு. சினிமாவுக்குன்னு செஞ்சதுலயே பெரிய மெஷின் எது?”

கார்த்தி: பெருசுல எனக்குப் பிடிச்சது சொல்றேன் தாத்தா. 1968-ல வந்த ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’. விண்கலத்துக்குள்ள ஒருத்தர் வட்டமா ஓடிக்கிட்டே இருப்பாரு, சுவர், கூரை எல்லாத்துலயும். அதுக்காக 38 அடி விட்டத்துல ஒரு சக்கரமே செஞ்சாங்க. விமானம், பீரங்கி செஞ்சுக்கிட்டு இருந்த விக்கர்ஸ் கம்பெனி செஞ்சது. 30 டன். மணிக்கு 3 மைல் வேகத்துல சுத்தும். நடிகர் எப்பவும் அடியிலதான் இருப்பாரு, சக்கரம்தான் சுத்தும். கேமராவைச் சக்கரத்தோட பூட்டிட்டா அவர் கூரையில ஓடுற மாதிரித் தெரியும்

கார்த்தி: ஒரு ஷாட்டுல ஒருத்தர் உக்காந்து சாப்பிட்டுக்கிட்டு இருப்பாரு, இன்னொருத்தர் எதிர்ப்பக்கம் ஏணியில இறங்கி அவர்கிட்ட நடந்து வருவாரு. உக்காந்தவரை சீட்டுல பெல்ட் போட்டுக் கட்டி உச்சியில தலைகீழா வச்சிருந்தாங்க. தட்டுல இருந்த சாப்பாட்டையும் ஒட்டி வச்சுத்தான்

ஹரிணி: தாத்தா எந்திரிச்சு உக்காந்துட்டாரு

ஹரிணி: தாத்தா: “30 டன் சுத்தும்போது லைட்டுக்குக் கரண்ட் எப்படிப் போச்சு? வயர் முறுக்கிக்காதா?”

கார்த்தி: லைட்டும் கூடவே சுத்தும் தாத்தா. சுத்தும்போது சூட்டுல பல்பு வெடிச்சுத் தெறிக்குமாம், பக்கத்துல நிக்கிறவங்களே பயந்திருக்காங்க

ஹரிணி: தாத்தா: “ஸ்லிப் ரிங் போட்டிருப்பான். சுத்திக்கிட்டே இருந்தாலும் அது வழியா கரண்ட் போகும்.” வேகமா தலையாட்டுறாரு

பாலு மாமா: அப்பா, நாளைக்கு டிவியில போடவா?

ஹரிணி: தாத்தா: “போடு. சக்கரம் எப்ப வரும்?”

கார்த்தி: ரொம்ப நேரம் ஆகும். முதல்ல முழுக்கக் குரங்குங்க. மனுஷங்கதான் தோல் மாட்டிக்கிட்டு நடிச்சது. கிட்டத்தட்ட 25 நிமிஷம் ஒருத்தரும் ஒரு வார்த்தை பேச மாட்டாங்க

ஹரிணி: தாத்தா: “நல்லதாப் போச்சு. உங்க பாட்டியையும் கூட உக்கார வைக்கிறேன்.”

மீனா அத்தை: அத்தை இந்த குரூப்லதான் இருக்காங்க மாமா

பாட்டி: படிச்சிட்டேன்