சோவியத் தலைவர் ஜோசப் ஸ்டாலினின் ஆட்சியை எப்படி மதிப்பிடுவது?

கேள்வி:
சோவியத் ஒன்றியத்தைத் தொழில் வல்லரசாக்கி, 1945இல் ஹிட்லரை வீழ்த்தியவர் என்று ஸ்டாலினைப் போற்றுவோர் இன்றும் உள்ளனர். அச்சாதனைகள் அவருடைய கொடுமைகளை ஈடுகட்டுமா?

பதில் 1:
ஈடுகட்டா என்பதே என் கருத்து. 1932-33இல் உக்ரைனிலும் கசகஸ்தானிலும் மக்கள் பட்டினியால் மடிந்துகொண்டிருந்தபோதும் தானிய ஏற்றுமதி நிற்கவில்லை. அதைவிடக் கொடுமையாக, உணவு தேடி உக்ரைனை விட்டு வெளியேற முயன்ற விவசாயிகளைத் தடுத்துத் திருப்பி அனுப்புமாறு 1933 ஜனவரியில் உத்தரவு பிறந்தது. 1937-38இல் ஏறத்தாழ 6,80,000 பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டதை சோவியத் ஆவணங்களே காட்டுகின்றன.

பதில் 2:
போர் வெற்றியை மறுக்க இயலாது. ஆனால், துகாசெவ்ஸ்கி உள்ளிட்ட தளபதிகளை 1937 முதல் கொன்று படையைப் பலவீனப்படுத்தியவரும், ஹிட்லரின் 1941 படையெடுப்பு குறித்த எச்சரிக்கைகளைப் புறக்கணித்தவரும் அவரே.

பதில் 3:
1956இல் ஸ்டாலினைக் கண்டித்த, அவருக்குப் பின் வந்த சோவியத் தலைவர் குருசேவும் பெரும்பாலும் கம்யூனிஸ்ட் கட்சியினருக்கு இழைக்கப்பட்ட அநீதிகளையே பேசினார்; பஞ்சத்தைத் தொடவேயில்லை.