60 நாள் நோட்டீஸ் ஒட்டினால் வாடகை குறையாதாம்!

நல்லூரான்:
இந்தக் களத்தில லிஃப்ட் பற்றின திரியில மார்க்கம்வாசி எழுதினது: "60 நாளுக்கு முன்னம் நோட்டீஸ் குடுத்தா, நீச்சல் குளத்தை எத்தனை மாதம் பூட்டினாலும் வாடகையில ஒரு சதம் குறையாது." முழுப் பிழை. கனடாவில, ஒன்ராறியோ மாகாணத்தில அந்த 60 நாள் இருக்கிறது வாடகைச் சட்டத்தின்ர ஒழுங்குவிதி 516/06, 8ஆம் பிரிவில. திருத்த வேலையின்ர சத்தம், தூசு வீட்டில இருக்கவிடேல்லை எண்டு குடியிருக்கிறவை வாடகைச் சபையில போடுற டி2 விண்ணப்பத்துக்குத்தான் அது. குளம், ஜிம், லோண்ட்ரி பூட்டினதுக்கு, வசதி குறைஞ்சுதெண்டு போடுற டி3 விண்ணப்பம். 2006ஆம் ஆண்டுக் குடியிருப்பு வாடகைச் சட்டம், 130ஆம் பிரிவு.

மார்க்கம்வாசி:
எட்டாம் பிரிவை முழுக்க வாசியும். என்ன வேலை, எவ்வளவு காலம், என்ன பாதிப்பு எண்டு எழுதி 60 நாளுக்கு முன்னம் குடுத்து, பெர்மிட் எடுத்து, நேரகாலத்தோட செய்தால் நட்டஈடு இல்லை. பூட்டுறதும் தற்காலிகம். வெடிப்பு விட்ட குளத்தை அப்பிடியே விடச் சொல்லுறீரோ?

நல்லூரான்:
திருத்தட்டும், ஆர் வேண்டாமெண்டது? அதே ஒழுங்குவிதியின்ர 39ஆம் பிரிவைப் பாரும். பூட்டினது நியாயமெண்டாலும், அந்த வசதிக்கு நியாயமான கட்டணம் எவ்வளவோ அது வாடகையில கழியும். நியாயமில்லையெண்டால் குடியிருக்கிறவைக்கு வந்த பாதிப்பையும் பாப்பினம். தற்காலிகமெண்டால் அந்தக் காலத்துக்கு மட்டும் குறைக்கலாமெண்டு சட்டத்தின்ர 130ஆம் பிரிவிலயே இருக்கு. 60 எங்க இருக்கு? காட்டும்.

தேன்மொழி:
சண்டைக்கு நடுவில ஒண்டு: வாடகையை நீங்களா வெட்டிப்போடாதேங்கோ. வாடகை பாக்கியெண்டு வீட்டுக்காரரிட்டயிருந்து என்4 நோட்டீஸ் வரும், பிறகு சபையில எல்1 விண்ணப்பம், கடைசியில வீட்டை விட்டு எழுப்பிற வழக்கா முடியும். முழு வாடகையும் கட்டிக்கொண்டு, பூட்டின நாளிலயிருந்து ஒரு வருசத்துக்குள்ள டி3 போடுங்கோ. லீஸ், நோட்டீஸின்ர படம், பூட்டின கதவின்ர படம் திகதியோட வேணும்.

மார்க்கம்வாசி:
ஒவ்வொரு யூனிட்டுக்கும் தனி ஓனர் இருக்கிற கொண்டோக் கட்டடத்தில குளத்தைப் பூட்டுறது, கட்டடத்தை நடத்திற கொண்டோ கோர்ப்பரேசன். யூனிட் ஓனர் பாவம் என்ன செய்வார்? 60 நாள் நோட்டீஸும் குடுத்தாச்சு.

நல்லூரான்:
வாடகை வாங்கிறது ஆர்? கோர்ப்பரேசனோ? ஓனர்தான் வீட்டுக்காரர், டி3 அவருக்கு எதிராத்தான். உம்மட்ட ரெண்டு யூனிட் வாடகைக்கு இருக்கெண்டு எல்லாருக்கும் தெரியும், அதுதான் இந்தக் கொதி.

கனகம்:
வாடகைக் கட்டடமெண்டால் வேலை முடிய வீட்டுக்காரர் வாடகையைக் கூடக் கூட்டக் கேக்கிற எல்5 விண்ணப்பம் போட்டு, வழமையான வருசாந்த வாடகைக் கூட்டலுக்கு மேல வருசம் 3 வீதம், மூண்டு வருசத்தில 9 வீதம் வரைக்கும் கேப்பினம். பெரிய திருத்தம் தேவைப்படாத சாமானை மாத்தினதெண்டால் ஆட்சேபியுங்கோ. மின்சாரம், தண்ணி மிச்சம்பிடிக்கிற வேலை, பாதுகாப்பைக் கூட்டுற வேலை, உடல் ஏலாதவை புழங்க வசதி செய்யிற வேலை, இதுகளுக்கு மட்டும் விதிவிலக்கு இருக்கு. மாத்த முன்னம் இருந்த நிலையைப் படம் எடுத்து வைக்காட்டி வாதாட ஒண்டும் மிஞ்சாது.

மார்க்கம்வாசி:
என்ர யூனிட்டை ஏன் இழுக்கிறீர்? சட்டத்தைக் கதையும். 60 நாள் குடுத்தா முடிஞ்சுது.

நல்லூரான்:
டி2க்கு. நாலாம் தரமா எழுதுறன்: டி2க்கு. 39ஆம் பிரிவில 60 எண்ட இலக்கத்தைக் காட்டும், பிறகு கதைப்பம்.