கொல்லிமலை இறங்கும்போது ஆர்15 பிரேக் லிவர் தொய்ந்துபோகிறது, 8,000 ரூபாய்க்குள் என்ன செய்யலாம்?

ராசிபுரம் ரைடர்:

அண்ணன்மார்களே, வணக்கம். என்னிடம் இருப்பது 2014 மாடல் யமஹா ஆர்15 வி2. போன வருடம் பழைய வண்டியாக வாங்கினேன், நான் மூன்றாவது ஓனர், மீட்டரில் 52,000 கி.மீ. காட்டுகிறது. இன்ஜினில் ஒரு குறையும் இல்லை. ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை கொல்லிமலை போய்விட்டு செம்மேட்டிலிருந்து காரவள்ளிக்கு இறங்கும்போது, 70 கொண்டை ஊசியில் பாதி தாண்டியதும் முன் பிரேக் லிவர் மெத்தை மாதிரி ஆகி கிட்டத்தட்ட கிரிப் வரைக்கும் வந்துவிட்டது. ஒரு வளைவில் எதிரே பஸ், உயிர் போய் வந்தது. கீழே வந்து டீ குடித்துவிட்டு வண்டியை எடுத்தால் லிவர் பழையபடி நன்றாக இருக்கிறது! மறுநாள் மெக்கானிக்கிடம் காட்டினால் அவரும் அழுத்திப் பார்த்துவிட்டு "நல்லாத்தானப்பா இருக்கு" என்கிறார்.

இது தவிர இன்னும் இரண்டு. மெதுவாகப் போகும்போது வண்டி நேர்கோட்டில் நிற்காமல் அலைகிறது, வளைவில் நான்தான் தள்ளித் திருப்ப வேண்டியிருக்கிறது. பிரேக் பிடித்தால் முன்பக்கம் பொத்தென்று கீழே அமுங்குகிறது. பெரிய டிஸ்க், ஸ்டீல் பின்னிய ஹோஸ் (பிரேக் ஆயில் போகிற குழாய்), அகலமான முன் டயர் எல்லாம் போடலாமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். கையில் 8,000 ரூபாய்தான் இருக்கிறது. அதற்குள் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டாமல் தடுக்கிற அமைப்பு) ஏதாவது வைக்க முடியுமா?

செவன்டீன் இன்ச்:

ப்ரோ, ஸ்டீல் பின்னிய ஹோஸ் முதலில் போடுங்கள். ரப்பர் ஹோஸ் பழசானால் அழுத்தும்போது லேசாக உப்பும், அதனால்தான் லிவர் உள்ளே போகும். நான் போட்டபிறகு ஒரு விரலில் பிரேக் பிடிக்கிறேன்.

பழைய ஸ்பானர்:

தம்பி, ஹோஸ் வாங்குவதைக் கொஞ்சம் தள்ளிப் போடு. மேலே சொன்னவர் சொல்வதும் தப்பில்லை, ஆனால் ஹோஸ் உப்பினால் வீட்டு வாசலிலும் அதே மாதிரிதான் இருக்கும். சூடானால் மட்டும் தொய்கிறது, ஆறினால் சரியாகிறது என்கிறாயே, அதுதான் இங்கே முக்கியமான தடயம். உன் பிரேக் ஆயில் கொதிக்கிறது.

பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி செல்சியசுக்குக் கீழே கொதிக்கக் கூடாது என்பது அதன் தர அளவு, ஈரம் ஏறிய பிறகு அதே ஆயிலுக்கு 155 டிகிரி தாங்கினால் போதும் என்றுதான் வைத்திருக்கிறார்கள். எவ்வளவு வித்தியாசம் பார். மலை இறக்கத்தில் விடாமல் பிரேக் பிடித்துக்கொண்டே வந்தால் காலிப்பர் (பேடை டிஸ்க்கில் அழுத்துகிற பகுதி) சூட்டில் ஆயில் கொதித்து ஆவிக் குமிழ் உண்டாகும். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். நீ லிவரில் அழுத்துகிற அழுத்தமெல்லாம் அந்தக் குமிழை நசுக்குவதிலேயே போய்விடும். ஆறியதும் குமிழ் திரும்ப ஆயிலாகிவிடும், அதனால் ஷெட்டில் நிற்கிற வண்டியில் யார் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது.

லிவர் எப்போதுமே தொய்வாக இருந்தால் லைனில் காற்று. லிவர் கல் மாதிரி இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால் பிரேக் பேட் கண்ணாடி மாதிரி வழவழப்பாகிவிட்டது. இது வேறு, அது வேறு, குழப்பிக்கொள்ளாதே.

பணம் செலவழிக்கும் முன் சில விஷயங்களைப் பார்த்துவிட்டு வந்து சொல். மாஸ்டர் சிலிண்டர் (லிவர் பக்கத்தில் இருக்கிற பிரேக் ஆயில் டப்பா) கண்ணாடியில் ஆயில் என்ன நிறம்? டயர் பக்கவாட்டில் டாட் என்று தொடங்குகிற எழுத்து வரிசையின் கடைசியில் நான்கு இலக்கம் இருக்கும், அது என்ன? பின் டயர் என்ன சைஸ்? அப்புறம் ஒருவரை வண்டியை சைட் ஸ்டாண்டு பக்கம் சாய்த்து முன் சக்கரம் தரையைத் தொடாமல் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, ஹேண்டிலை ஒரு விரலால் மெதுவாக இடமிருந்து வலம் தள்ளிப் பார். நடுவில் பள்ளத்தில் விழுந்த மாதிரி நிற்கிறதா? காற்று எவ்வளவு அடிக்கிறாய்?

ராசிபுரம் ரைடர்:

அண்ணா, பார்த்துவிட்டேன். ஆயில் காப்பி டிகாஷன் நிறத்தில் இருக்கிறது. முன் டயரில் 2716, பின் டயரில் 0921. பின் டயர் 140/70. ஹேண்டில் நேராக வரும்போது "டக்" என்று உட்காருகிறது, அங்கிருந்து நகர்த்தக் கொஞ்சம் பலம் வேண்டியிருக்கிறது. காற்று இரண்டுக்கும் 40, பங்க்கில் அடிப்பவர் அதுதான் மைலேஜ் தரும் என்றார். முன் ஃபோர்க்கின் (முன் சக்கர ஷாக் அப்சர்பர்) ஒரு பக்கம் ஆயில் கசிந்து தூசி ஒட்டியிருக்கிறது.

பழைய ஸ்பானர்:

எல்லாமே வெளியே வந்துவிட்டது. 2716 என்றால் 2016ஆம் ஆண்டு 27வது வாரம் செய்த டயர். டயர் பட்டன் எவ்வளவு தேயாமல் மிச்சமிருந்தாலும் அந்த ரப்பர் இறுகிப்போயிருக்கும், நகத்தால் அழுத்திப் பார், பதியாது. எத்தனை பெரிய டிஸ்க் போட்டாலும் ரோட்டைப் பிடிப்பது அந்த ரப்பர்தான். ஏபிஎஸ் இல்லாத வண்டியில் இறுகிய முன் டயர் போட்டுக்கொண்டு பிரேக்கின் பலத்தை ஏற்றினால் சக்கரம் இன்னும் சீக்கிரம் பூட்டிக்கொள்ளும், அதை நினைத்தாலே எனக்குப் பயமாக இருக்கிறது. கம்பெனி கொடுத்த 90/80-17 அளவிலேயே நல்ல மென்மையான டயராக வாங்கு, அகலமாகப் போகாதே.

பின்னால் 140 போட்டது பழைய ஓனர் வேலையாக இருக்கும். அடுத்து வந்த வி3 மாடலுக்குத்தான் 140/70 வந்தது, வி2க்கு 130/70. பார்க்க அழகாக இருக்கும், ஆனால் சாய்க்கும்போது சோம்பலாக இருக்கும். 2021 டயர் என்பதால் இப்போது விட்டுவிடு, அடுத்த முறை 130க்குத் திரும்பு. 40 காற்றை இன்றைக்கே இறக்கு. வண்டியில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரில் அல்லது புத்தகத்தில் போட்டிருக்கிற அளவை, டயர் ஆறியிருக்கும்போது அடி. இதற்குக் காசே கிடையாது, வித்தியாசம் முதல் வளைவிலேயே தெரியும்.

"டக்" என்று உட்காருவது கோன் செட், அதாவது ஹேண்டில் திரும்புகிற பேரிங். பேரிங் குண்டுகள் ரேஸில் (அவை உருளுகிற வளையத்தில்) ஒரே இடத்தில் பள்ளம் போட்டுவிட்டன. இரு சக்கர வண்டி விழாமல் இருப்பதே ஹேண்டிலில் நாம் அறியாமல் செய்கிற சின்னச் சின்னத் திருத்தத்தால்தான், அந்தப் பள்ளம் அதைத் தடுக்கிறது, அதனால்தான் அலைகிறது. நட்டை இறுக்கி அனுப்பப் பார்ப்பார்கள், ஒத்துக்கொள்ளாதே, பள்ளம் விழுந்தால் மாற்றத்தான் வேண்டும். கோன் செட்டுக்குக் கழற்றும்போதே ஃபோர்க்கும் கையில் வந்துவிடும், அப்போதே ஆயில் சீலும் ஃபோர்க் ஆயிலும் மாற்றிவிட்டால் கூலி ஒன்றாகப் போகும். இரண்டு பக்கமும் ஒரே அளவு ஆயில் ஊற்றுகிறார்களா என்று பக்கத்தில் நின்று பார்.

சேலம் சங்கிலி:

ஸ்பானர் அண்ணன் விட்டுவிட்ட ஒன்று: காலிப்பர் நகர்வதற்கான ஸ்லைடு பின் (ஊசி). இரண்டு பேடில் ஒன்று மட்டும் அதிகம் தேய்ந்திருந்தால் அந்த ஸ்லைடு பின் இறுகியிருக்கிறது. கழற்றித் துடைத்து சிலிக்கான் கிரீஸ் வையுங்கள், சாதாரண கிரீஸ் ரப்பரை உப்ப வைத்துவிடும். பிரேக் ஆயில் பெயின்ட் மேல் பட்டால் உடனே தண்ணீர் ஊற்றுங்கள். டாட் 5 என்று கடையில் கொடுத்தால் வாங்காதீர்கள், அது சிலிக்கான் ஆயில், டாட் 4 உடன் சேராது. ஏபிஎஸ் பற்றி: இந்தியாவில் 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு அது கட்டாயம், ஆனால் பழைய வண்டியில் சென்சார், ஹைட்ராலிக் யூனிட், கண்ட்ரோலர், வயரிங் என்று எல்லாம் பொருத்துவது இந்தப் பணத்தில் நடக்காது. ஆயிரத்துக்கும் ரெண்டாயிரத்துக்கும் "ஏபிஎஸ்" என்று ஒரு சின்னத் துண்டு விற்கிறார்கள், அது ஏபிஎஸ் இல்லை, தொடாதீர்கள்.

இறங்கும்போது ஏறுகிற கியரிலேயே இறங்குங்கள். இரண்டாவது கியரில் இன்ஜின் பிடித்துக்கொள்ளும். வளைவுக்கு முன் நேராக இருக்கும்போதே பிரேக் பிடித்து முடித்துவிட்டு விட்டுவிடுங்கள், வழிநெடுக லேசாகத் தேய்த்துக்கொண்டே வருவதுதான் ஆயிலைக் கொதிக்க வைக்கிறது. முழங்காலால் டேங்கை இறுக்கிப் பிடியுங்கள், உடம்பு பாரம் ஹேண்டிலில் இறங்கக் கூடாது.

ராசிபுரம் ரைடர்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். முன் டயர் பிட்டிங்கோடு 2,500, பேட் 650, டாட் 4 ஆயிலும் மாற்றிய கூலியும் 310, கோன் செட் கூலியோடு 1,250, ஃபோர்க் சீலும் ஆயிலும் 1,300. மொத்தம் 6,010. சங்கிலி அண்ணா சொன்னது சரி, கீழ் ஸ்லைடு பின் அசையவே இல்லை, உள்பக்க பேட் தகடு வரைக்கும் தேய்ந்துவிட்டது.

நேற்று அதே செம்மேடு, அதே காரவள்ளி. கடைசி வளைவு வரைக்கும் லிவர் ஒரே இடத்தில் பிடித்தது. வண்டி தானாகத் திரும்புகிறது அண்ணா, நான் பார்க்கிற பக்கம் போகிறது, இது என் வண்டிதானா என்று இருந்தது. முன்பக்கம் இன்னும் கொஞ்சம் அமுங்குகிறது, ஆனால் பொத்தென்று இல்லை. மிச்சம் 1,990 இருக்கிறது. இப்போது ஹோஸ் போடலாமா?

பழைய ஸ்பானர்:

ரொம்ப சந்தோஷம் தம்பி. கொஞ்சம் அமுங்கத்தான் வேண்டும், பாரம் முன்னால் வந்தால்தான் டயர் ரோட்டை அழுத்திப் பிடிக்கும். ரப்பர் ஹோஸில் வெடிப்பு இருக்கிறதா என்று வளைத்துப் பார், இருந்தால் மாற்று, இல்லையென்றால் அந்தப் பணத்தை 130 பின் டயருக்கு எடுத்து வை. அதைப் போட்ட அன்றைக்கே மலை ஏறாதே. புது டயர் மேல் வழவழப்பு இருக்கும், முதல் 100 கி.மீ. சாய்க்காமல் ஓட்டு. இப்போது மாற்றிய ஆயில் தேதியை மாஸ்டர் சிலிண்டர் மூடிக்குப் பக்கத்தில் ஒரு டேப்பில் எழுதி ஒட்டு, இரண்டு வருடத்தில் திரும்ப மாற்ற வேண்டும்.