ரேடியோ 1-ஐ மாற்றிய மேத்யூ பேனிஸ்டர்: 50 லட்சம் நேயர்கள் போனது எதனால்?

அலைநீளம் (கேள்வி)

பிபிசி ரேடியோ 1-க்கு 1993-லிருந்து 1998 வரை கன்ட்ரோலராக (ஸ்டேஷனின் தலைமைப் பொறுப்பாளர்) இருந்த மேத்யூ பேனிஸ்டரைப் பற்றித் தேடினால் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். வயசாகிப்போன ஸ்டேஷனை இளைஞர்களிடம் திரும்பக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் என்று ஒரு பக்கம். வாரத்துக்கு 1.6 கோடிக்கு மேல் இருந்த நேயர்களை 1.1 கோடி அளவுக்கு இறக்கிவிட்டவர் என்று இன்னொரு பக்கம்.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். இந்தச் சரிவில் பழைய அறிவிப்பாளர்களை அனுப்பியதன் பங்கு எவ்வளவு, பாட்டை மாற்றியதன் பங்கு எவ்வளவு, அவர் கையில் இல்லாத காரணங்களின் பங்கு எவ்வளவு? தனியார் ஸ்டேஷனாக இருந்தால் ஆறு மாதத்தில் வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். இவர் எப்படி ஐந்து வருஷம் தாக்குப்பிடித்தார்? நிகழ்ச்சிப் பிரிவில் வேலை செய்கிறவர்கள் யாராவது விவரமாகச் சொன்னால் நன்றாக இருக்கும்.

மீட்டர்பேண்ட்

அவர் ஏன் அந்த நாற்காலிக்கு வந்தார் என்பதிலிருந்து தொடங்கினால்தான் மற்றது புரியும்.

பேனிஸ்டர் செய்திப் பக்கத்து ஆள். பிபிசியின் நாட்டிங்ஹாம் உள்ளூர் வானொலி, லண்டன் கேபிட்டல் ரேடியோ, ரேடியோ 1-ன் செய்தி நிகழ்ச்சியான நியூஸ்பீட் என்று சுற்றியவர். 1988-ல் பிபிசி லண்டன் நகரத்துக்காக ஜிஎல்ஆர் என்ற உள்ளூர் வானொலியைத் தொடங்கியபோது, டிரெவர் டானோடு சேர்ந்து அதை உருவாக்கினார். கிறிஸ் எவன்ஸ், டேனி பேக்கர், கிறிஸ் மோரிஸ் எல்லாம் அங்கே வேலை செய்தவர்கள்தான். அதன் பிறகு பிபிசியின் சாசனத்தை, அதாவது அது இயங்குவதற்கான அரசு அனுமதியை, புதுப்பிக்கிற வேலையில் இருந்தார். இந்தக் கடைசி வேலைதான் முக்கியம். அப்போதைய கன்சர்வேட்டிவ் ஆட்சியில், ரேடியோ 1-ஐத் தனியாருக்கு விற்றுவிடலாமே என்ற பேச்சு வெளிப்படையாகவே ஓடிக்கொண்டிருந்தது. விளம்பரம் போட்டுச் சம்பாதிக்கிற ஸ்டேஷன்களும் அதே ஹிட் பாட்டுகளைத்தான் போடுகின்றன, இதற்கு எதற்கு டிவி வைத்திருக்கும் வீடுகள் பிபிசிக்காகக் கட்டுகிற லைசென்ஸ் கட்டணம் என்பது அவர்கள் கேள்வி. நேயர் கூட்டத்தைக் காட்டி இதற்குப் பதில் சொல்ல முடியாது. கூட்டம் பெருகப் பெருக, 'அப்படியானால் விளம்பரத்திலேயே பிழைத்துக்கொள்ளுமே' என்ற வாதத்துக்குத்தான் அது வலு சேர்க்கும். தனியார் தராததைத் தருகிறோம் என்று காட்டினால்தான் தப்பிக்க முடியும்.

அலைநீளம் கேட்ட 'எப்படித் தாக்குப்பிடித்தார்' என்பதற்கும் விடை இதிலேயே இருக்கிறது. 1993 ஜனவரியில் டைரக்டர் ஜெனரலாக வந்த ஜான் பர்ட்டும், வானொலிப் பிரிவின் தலைவர் லிஸ் ஃபோர்கனும், எண்ணிக்கை விழும் என்று தெரிந்தேதான் அவரை நியமித்தார்கள். 1996 மே மாதம் பத்து வருஷத்துக்குப் புதிய சாசனம் நடைமுறைக்கு வந்தபோது ரேடியோ 1 பிபிசியிடமே இருந்தது. அவருக்குக் கொடுத்த வேலையில் பெரிய பகுதி அதோடு முடிந்துவிட்டது.

ஆட்கள் விஷயம். டேவ் லீ டிராவிஸ் 1993 ஆகஸ்ட் 8 அன்று நேரடி ஒலிபரப்பிலேயே விலகுவதாகச் சொல்லிவிட்டார். அப்போது பேனிஸ்டர் பொறுப்பையே ஏற்கவில்லை. வரப்போகிறார் என்ற செய்தி மட்டும்தான் வந்திருந்தது. அடுத்த சில மாதங்களில் சைமன் பேட்ஸ், கேரி டேவிஸ், ஆலன் ஃப்ரீமன், பாப் ஹாரிஸ், அட்ரியன் ஜஸ்ட், பால் காம்பச்சினி என்று வரிசையாகப் போனார்கள். ஆனால் 1967-லிருந்தே இருந்த ஜான் பீலும், 1970-ல் வந்த ஆனி நைட்டிங்கேலும் போகவில்லை. எனவே வயதைப் பார்த்து அனுப்பினார் என்று சொல்வது சரியில்லை. புதுப் பாட்டைத் தேடிப் போடுகிறவர்கள் எந்த வயதிலும் இருந்தார்கள்.

எண்ணும்எழுத்தும்

எண்ணிக்கையைப் பற்றி ஒரு விளக்கம், ஏனென்றால் பலரும் தப்பாகப் படிப்பது இதைத்தான்.

1992-லிருந்து பிரிட்டனில் பிபிசிக்கும் தனியாருக்கும் ஒரே கணக்கெடுப்பு, ராஜர். ஆட்கள் ஒரு வாரத்துக்கு டைரி எழுதுவார்கள். 'ரீச்' என்பது அந்த வாரத்தில் குறைந்தது 5 நிமிஷமாவது ஒரு ஸ்டேஷனைக் கேட்டவர்களின் எண்ணிக்கை. வாரத்துக்கு வெறும் 5 நிமிஷம். அந்தக் கோட்டுக்குக் கீழே 50 லட்சம் பேர் போய்விட்டார்கள் என்றால், 'கொஞ்சம் குறைவாகக் கேட்கிறார்கள்' என்ற நிலை அது இல்லை. கை டயலைத் தொடவே இல்லை என்று அர்த்தம். 'ஷேர்' வேறு கணக்கு: நாட்டில் வானொலி கேட்ட மொத்த மணிநேரத்தில் உங்கள் ஸ்டேஷனுக்கு எத்தனை சதவீதம் என்பது. ரீச்சை ஒரு நேயரின் சராசரி நேரத்தால் பெருக்கினால் மொத்த மணிநேரம் வரும். உதாரணத்துக்கு 100 லட்சம் பேர், ஆளுக்கு 10 மணி என்றால் 1,000 லட்சம் மணிநேரம். அதே மொத்தம் 80 லட்சம் பேர் 12.5 மணி கேட்டாலும் வரும். ஸ்டேஷனை மாற்றுகிறவர் இந்த இரண்டையும் வயதுவாரியாகப் பிரித்துத் தனித்தனியே பார்க்க வேண்டும். 15 முதல் 24 வயதுக்காரர்களின் மணிநேரம் ஏறி, 35-க்கு மேற்பட்டவர்களின் ரீச் விழுந்தால் திட்டமிட்டபடி நடக்கிறது. இரண்டும் விழுந்தால் பாட்டிலோ காலை நிகழ்ச்சியிலோ கோளாறு. மொத்தத்தை மட்டும் பார்த்தால் இந்த இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது.

அவர் கையில் இல்லாதவையும் உண்டு. அட்லாண்டிக் 252 லாங் வேவில் 1989-லேயே ஹிட் பாட்டுகளோடு வந்துவிட்டது. கிளாசிக் எஃப்எம் 1992-ல். வர்ஜின் 1215 என்ற தேசிய ராக் ஸ்டேஷன் 1993 ஏப்ரல் 30-ல். இதை எல்லாரும் சொல்வார்கள். அதிகம் பேசப்படாதது 1994 ஜூலை 1. அன்றுதான் ரேடியோ 1-ன் மீடியம் வேவ் நிறுத்தப்பட்டது. 1053, 1089 கிலோஹெர்ட்ஸ் இரண்டும் போய் எஃப்எம் மட்டும் மிஞ்சியது. பட்டறையிலும் சமையலறையிலும் பழைய காரிலும் மீடியம் வேவ் மட்டுமே எடுக்கிற பெட்டிகள் நிறைய இருந்த காலம். அதில் முள்ளை நகர்த்தாமல் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தவருக்கு அன்று காலையிலிருந்து ரேடியோ 1 வராது. அந்த அலைவரிசைகள் அடுத்த வருஷம் டாக் ரேடியோவுக்குப் போயின. அறிவிப்பாளர் மாற்றத்தின் மேல் கோபம் ஆறாத ஒன்பதாம் மாதத்திலேயே இதுவும் சேர்ந்தது. இரண்டின் பங்கையும் பிரித்துச் சதவீதம் போட்டுச் சொல்கிறவர்களை நம்ப வேண்டாம். இரண்டுமே ஒரே வரைபடத்தில் ஒரே கோடாகத்தான் இறங்குகின்றன.

சுழற்சி

மேலே இருப்பதில் ஒரு விஷயத்தில் எனக்கு உடன்பாடில்லை. பேனிஸ்டரின் நோக்கம் சரி, ஆனால் எதை முதலில் செய்வது என்பதில் சறுக்கினார். 1993 இலையுதிர்காலத்தில் மாறியது குரல்கள். பகல் நேரப் பாட்டு உறுதியாக மாறியது டிரெவர் டான் 1995-ல் தயாரிப்புத் தலைவராக வந்த பிறகுதான். இடைப்பட்ட காலத்தில் ஒரு நேயருக்குக் கிடைத்தது என்ன? பழகிய குரல் இல்லை, புதுக் குரல் நிறையப் பேசுகிறது, பாட்டோ பாதி பழசு பாதி புதுசு. பழைய நேயர் போய்விட்டார், புது நேயர் வருவதற்குக் காரணம் இன்னும் பிறக்கவில்லை. எம்மா ஃப்ராய்டின் மதிய நிகழ்ச்சியும் டேனி பேக்கரின் வார இறுதி நிகழ்ச்சியும் பேச்சு மிகுந்தவை. ஜிஎல்ஆரில் லண்டன்காரர்களுக்கு எடுபட்ட அந்தப் பாணி, வேலை செய்துகொண்டே கேட்கிற நாடு முழுவதற்குமான பகல் நேரத்தில் எடுபடவில்லை.

இரவு அட்டவணைக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம். 1993 அக்டோபர் 30-ல் பீட் டாங்கின் நடன இசை நிகழ்ச்சியான எசென்ஷியல் மிக்ஸ் தொடங்கியது. ஜோ வைலியும் ஸ்டீவ் லமாக்கும் ஈவ்னிங் செஷன் என்ற மாலை நிகழ்ச்சிக்கு வந்தார்கள். மான்செஸ்டரிலிருந்து மார்க் ராட்கிளிஃப் பத்து மணி நிகழ்ச்சி. 1994 இறுதியில் ஹிப்ஹாப்புக்கு டிம் வெஸ்ட்வுட். 1995-ல் ஜங்கிள் இசைக்கென்றே வாராந்திர நிகழ்ச்சி. எந்தத் தனியார் தேசிய ஸ்டேஷனும் அந்த நேரத்தில் இவற்றைத் தொட்டிருக்காது. ப்ளர், ஒயாசிஸ் இசைக்குழுக்களின் மோதல் 1995 ஆகஸ்டில் செய்தியானபோது, அந்த இசையை இரண்டு வருஷமாக மாலையில் போட்டுப் பழக்கியிருந்த ஸ்டேஷன் இதுதான்.

டான் வந்த பிறகு பகலில் பழைய பாட்டுகளைக் கிட்டத்தட்ட நிறுத்தினார்கள். அதன் சூடு தெரிந்தது 1996-ல், ஸ்டேட்டஸ் குவோ குழு தங்கள் புதுப் பாட்டைப் பிளேலிஸ்ட்டில் சேர்க்கவில்லை என்று நீதிமன்றம் வரை போனபோது. நீதிமன்றம் ஏற்கவில்லை. அந்த வழக்கால் ஸ்டேஷனுக்குத்தான் லாபம். ரேடியோ 1 இனி யாருக்கானது என்பது ஒரு பைசா விளம்பரச் செலவில்லாமல் நாடு முழுக்கத் தெரிந்தது.

பாட்டுப் பட்டியலை மாற்ற நினைக்கிறவர்களுக்கு ஒரு நடைமுறைக் கணக்கு. அடிக்கடி போடுகிற உச்சப் பிரிவில் 8 பாட்டு, மணிக்கு 4 போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சுற்று 2 மணி நேரம். 24-ஐ 2 மீதியில்லாமல் வகுக்கும். ஆகவே இன்று காலை 8.10-க்கு வந்த பாட்டு நாளையும் 8.10-க்கே வரும். அலுவலகம் போகிற வழியில் கேட்கிறவர் 'போட்டதையே போடுகிறார்கள்' என்பார், அவர் சொல்வது சரிதான். அதையே 7 பாட்டாக்கினால் சுற்று 1 மணி 45 நிமிஷம். ஒரு நாளில் 96 இடம், 96-ஐ 7-ஆல் வகுத்தால் மீதி 5, அதனால் அதே இடத்துக்கு ஏழு நாளும் ஏழு வெவ்வேறு பாட்டு வரும். பாட்டைக் குறைத்தும் சலிப்பு குறைகிறது. பாட்டு வரிசை போட்டுத் தருகிற செலக்டர் போன்ற மென்பொருள் பாடகர் இடைவெளி, வேகம், நேற்றைய நேரம் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும். ஆனால் பிரிவில் எத்தனை பாட்டு என்பதை நீங்கள் தப்பாகக் கொடுத்தால் விதிகள் ஒன்றோடொன்று முட்டி, இடங்களை நிரப்பாமல் விட்டுவிடும். அப்போது கையால் நிரப்புகிறவர் தனக்குப் பிடித்ததைப் போடுவார், கொள்கை அங்கேயே ஓட்டையாகும்.

அலைநீளம்

மிக்க நன்றி. சுழற்சி சார் சொல்வதுபோல் வரிசைதான் சிக்கல் என்றால், காலை நிகழ்ச்சி எந்தக் கட்டத்தில் மாறியிருக்க வேண்டும்? அங்கேதான் நாலைந்து வருஷத்தில் நாலு தடவை மாற்றியிருக்கிறார்கள் போலிருக்கிறதே.

மீட்டர்பேண்ட்

ஆமாம், அவருடைய காலத்தின் பலவீனமான இடம் அதுதான். 1994 ஜனவரியில் பிற்பகலில் புகழ்பெற்றிருந்த ஸ்டீவ் ரைட்டைக் காலைக்கு நகர்த்தினார்கள். பிற்பகல் போனது, காலையும் நிற்கவில்லை. 1995 ஏப்ரலில் கிறிஸ் எவன்ஸ். எண்ணிக்கை ஏறியது, ஸ்டேஷனைப் பற்றி ஊரே பேசியது. ஆனால் ஒரே ஆளின் மேல் முழு ஸ்டேஷனும் நின்றது. அவர் வெள்ளிக்கிழமை விடுப்பு கேட்டார். கொடுத்தால் ஒவ்வொருவரும் கேட்பார்கள், மறுத்தால் அவர் போய்விடுவார். பேனிஸ்டர் மறுத்தார், எவன்ஸ் 1997 ஜனவரியில் போனார். அடுத்து வந்த மார்க் ராட்கிளிஃபும் மார்க் ரைலியும் இரவில் அருமை, ஆனால் ஏழு மணிக்கு நேரம், போக்குவரத்து, செய்தி என்று துண்டுதுண்டாக ஓட வேண்டிய நிகழ்ச்சிக்கு அந்த நிதானம் ஒத்துவரவில்லை. அந்த அக்டோபரில் ஜோயி பாலும் கெவின் கிரீனிங்கும் வந்த அதே நாளில் எவன்ஸ் வர்ஜின் ரேடியோவில் காலை நிகழ்ச்சியைத் தொடங்கினார்.

நீங்கள் கேட்ட வரிசைக்கு என் பதில்: முதலில் இரவு, அடுத்து மாலை, பிறகு பகல் பாட்டு, காலை கடைசியாக. காலைக்கு வரப்போகிறவரை அதே ஸ்டேஷனில் வேறு நேரத்தில் ஒரு வருஷமாவது பழக்கியிருக்க வேண்டும்.

எண்ணும்எழுத்தும்

வரிசையில் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும், என்னைக் கேட்டால் அதுதான் முதல் படி: போகச் சொல்கிற நேயருக்குப் போக ஓர் இடம். 1993-ல் 35 வயதுக்காரர் ரேடியோ 1-ஐ விட்டால் பிபிசிக்குள் அவருக்கு வீடு இல்லை. ரேடியோ 2 அவருடைய பெற்றோருக்கான ஸ்டேஷனாக இருந்தது. 1996-ல் ஜிம் மோயர் அங்கே கன்ட்ரோலராக வந்த பிறகுதான் கதவு திறந்தது. அதே வருஷம் ஸ்டீவ் ரைட் அங்கே போனார். ரேடியோ 2 பின்னர் பிரிட்டனிலேயே அதிகம் பேர் கேட்கிற ஸ்டேஷன் ஆனது. பேனிஸ்டரும் 1996-லிருந்து பிபிசி வானொலி முழுவதற்கும் டைரக்டராக இருந்தார், இரண்டு பக்கமும் அவர் பார்வையில்தான் நடந்தது. அந்த மூன்று வருஷ இடைவெளியில் விட்டுப்போனவர்கள் வர்ஜினுக்கும் உள்ளூர்த் தனியார் ஸ்டேஷன்களுக்கும் பழகிவிட்டார்கள்.

அவருக்குப் பிறகு 1998-ல் வந்த ஆண்டி பார்ஃபிட் 2011 வரை இருந்தார். அவர் கையில் வந்தபோது ஆட்களை அனுப்புகிற வேலை முடிந்திருந்தது, அதனால் நிதானமாகக் கட்ட முடிந்தது. 2002-ல் 1எக்ஸ்ட்ரா என்ற துணை ஸ்டேஷனை டிஜிட்டலில் தொடங்கியபோது, புது நேயர்களுக்கான இசைக்குத் தனி இடமும் கிடைத்தது, ரேடியோ 1-ன் பகல் நேரத்தைக் கலைக்கவும் தேவைப்படவில்லை.