ஒர்வியேத்தோ பேராலயத்தின் சுவரோவியங்களை எந்த வரிசையில் பார்ப்பது?

பயணப்பை (கேள்வி)

அன்பர்களுக்கு வணக்கம். அடுத்த மாதம் ரோமில் தங்கும் நாள்களில் ஒன்றை ஒர்வியேத்தோ நகரின் பேராலயத்துக்கென்றே ஒதுக்கியிருக்கிறேன். என் அம்மாவும் உடன் வருகிறார். கழுத்து வலியால் அவரால் நெடுநேரம் அண்ணாந்து பார்க்க இயலாது. ஆனால் ஒவ்வொரு காட்சியிலும் யார் யார், என்ன நடக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு பார்ப்பதில் அவருக்கு அவ்வளவு ஆர்வம். அங்குள்ள புனித பிரிச்சியோ சிற்றாலயத்தைப் பற்றித் தேடிப் படித்தபோது, பிற்காலத்தில் ரோமில் இறுதித் தீர்ப்பை வரைந்த மைக்கலாஞ்சலோ இந்த ஓவியங்களைப் பெரிதும் மதித்தார் என்ற ஒரு செய்தியைச் சொல்லிவிட்டுப் பெரும்பாலோர் நகர்ந்துவிடுகிறார்கள். உள்ளே நிற்பவர் எங்கிருந்து தொடங்க வேண்டும், கூரையை ஒருவரும் சுவர்களை இன்னொருவரும் வரைந்தது சாதாரணக் கண்ணுக்குத் தெரியுமா, அரை நாள் போதுமா என்று, நேரில் பார்த்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

தெற்குவாசல்

இந்தச் சிற்றாலயத்தை மைக்கலாஞ்சலோவுக்கு முன்னோட்டமாக மட்டும் பார்ப்பது அதற்குச் செய்யும் அநீதி என்பது என் உறுதியான கருத்து. தனித்தனியாக மாட்டி வைத்த படங்கள் அல்ல இவை. உலக முடிவின் நடுவே பார்ப்பவரை நிறுத்த வேண்டும் என்று திட்டமிட்டு, நாற்புறமும் தலைக்கு மேலும் சூழ வரைந்த ஒரே ஓவியம். ஆகவே, எதை முதலில் பார்ப்பது என்ற தங்கள் கேள்வி மிகவும் பொருத்தமானது.

உள்ளே போனதும் சுவர்களைப் பார்க்காமல், பீடத்துக்கு மேலே உள்ள கூரைப் பகுதியை முதலில் பாருங்கள். நடுவராக வீற்றிருக்கும் கிறிஸ்துவையும், அருகிலுள்ள பகுதியில் அடுக்கடுக்காக அமர்ந்திருக்கும் இறைவாக்கினர்களையும் 1447ஆம் ஆண்டுக் கோடையில் வரைந்தவர் ஃப்ரா ஆஞ்சலிகோ என்னும் தோமினிக்கன் சபைத் துறவி. அவருக்கு உதவியாக பெனோத்சோ கொத்சோலி இருந்தார். அதன்பின் ஃப்ரா ஆஞ்சலிகோ ரோமுக்குப் போனவர் இந்த வேலைக்குத் திரும்பவே இல்லை. பேராலய நிர்வாகத்தினர் பெருஜீனோ என்ற ஓவியரை அழைத்துவர முயன்றும் அது கைகூடவில்லை. ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் சாரம் ஏறாமல் கிடந்த வேலையை 1499இல் கோர்த்தோனா ஊரைச் சேர்ந்த லூக்கா சிஞ்ஞொரெல்லி ஏற்றார். கூரையின் எஞ்சிய பகுதிகளை முடித்ததும், மறு ஆண்டே சுவர்களும் அவரிடம் ஒப்படைக்கப்பட்டன. சுவர்களுக்குப் பேசிய கூலி 575 டுகாட் பொற்காசுகள்.

அந்தக் கிறிஸ்துவை மனத்தில் வைத்துக்கொண்டால் சுவர்களின் ஏற்பாடு தானாக விளங்கும். அவருடைய வலக்கைப் பக்கம், அதாவது பீடத்தைப் பார்த்து நிற்கும் நமக்கு இடப்பக்கம், மீட்படைந்தவர்கள். மறுபக்கம் தண்டனை பெற்றவர்கள். கதையோ வாசலுக்கு அருகில், இடப்பக்கச் சுவரில், உலக முடிவுக்கு முன் கிறிஸ்துவைப் போல வேடமிட்டு வரும் பொய்ப்போதகனான அந்திக்கிறிஸ்துவின் போதனையில் தொடங்குகிறது. அங்கிருந்து வாசலுக்கு மேலுள்ள உலக முடிவு, அந்திக்கிறிஸ்துவுக்கு எதிரே வலப்பக்கத்தில் இறந்தோரின் உயிர்ப்பு, அடுத்து நரகத்துக்கு உரியவர்கள், பின் பீடச் சுவர், கடைசியாக இடப்பக்கத்தில் பொன்னொளியில் நிற்கும் மீட்படைந்தோர் என்று சுற்றி வந்தால் எதுவும் விடுபடாது.

அந்திக்கிறிஸ்துவிடம் மட்டுமாவது நெடுநேரம் நில்லுங்கள். மேடைமேல் நிற்பவனின் முகமும் தாடியும் ஆடையும் அப்படியே கிறிஸ்துவைப் போலவே இருக்கின்றன. அருகில் ஒட்டி நின்று காதில் ஓதும் சாத்தானைப் பார்த்த பிறகுதான் நமக்குத் துணுக்கென்கிறது. இன்னும் கூர்ந்து பார்த்தால், அவனுடைய ஆடைக்குள்ளிருந்து வெளிவரும் கை அவனுடையதா, சாத்தானுடையதா என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி வரைந்திருக்கிறார். மேடையின் அடியில் பொற்பாத்திரங்கள் குவிந்து கிடக்கின்றன. முன்புறத்தில் ஒருவனைக் கழுத்தை நெரித்துக் கொல்கிறார்கள். கூட்டமோ போதனையைக் கேட்டுக்கொண்டே நிற்கிறது. இத்தனைக்கும் இடக்கோடியில், கருப்பு உடையில், நேராக நம்மைப் பார்த்தபடி நிற்பவர் சிஞ்ஞொரெல்லியேதான். அவருக்குப் பின்னால் துறவு உடையில் இருப்பவர் ஃப்ரா ஆஞ்சலிகோ. தமக்கு முன்பே வேலையைத் தொடங்கி வைத்தவரைத் தம் அருகிலேயே நிறுத்திக்கொண்ட அந்த மரியாதையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழ்கிறது.

சாந்துப்பூச்சு

பழைய கட்டடங்களின் சுண்ணாம்புப் பூச்சைச் சீரமைக்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில், இரு கைகளின் வேறுபாடு தெரியுமா என்ற கேள்விக்கு மட்டும் விடை எழுதுகிறேன்.

நன்றாகவே தெரியும். ஃப்ரா ஆஞ்சலிகோவின் உருவங்கள் ஒளியை உள்ளிருந்து பெற்றவை போல மென்மையாக இருக்கும். ஆடையின் மடிப்புகள் உடலை மூடிவிடும். சிஞ்ஞொரெல்லிக்கோ உடல்தான் எல்லாம். தோள், முதுகு, தொடை ஆகியவற்றின் தசைகளை அவர் அழுத்தமான கோடுகளால் பிரித்துக் காட்டுவார். உயிர்ப்புக் காட்சியில் இறந்தவர்கள் வெண்ணிறத் தரையைப் பிளந்துகொண்டு, இரு கைகளையும் ஊன்றி, இடுப்பளவு வெளியே வந்து மூச்சு வாங்குவதையும், எலும்புக்கூடாகவே இன்னும் நிற்கும் சிலரையும் பார்த்தால் இது விளங்கும்.

செய்முறையையும் கவனியுங்கள். ஈரம் காயாத சுண்ணாம்புப் பூச்சின்மேல் நீரில் குழைத்த வண்ணத்தைத் தீட்டும்போது, காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சுண்ணாம்பு சேர்ந்து மீண்டும் கல்லாக இறுகி, வண்ணத்தைத் தன்னுள்ளே பிடித்துக்கொள்கிறது. அதனால் அன்றன்றைக்கு வரைந்து முடிக்கக்கூடிய அளவுக்கு மட்டுமே கடைசிப் பூச்சைப் பூசுவார்கள். முகத்துக்கு ஒரு நாள் என்றால், வெற்று வானத்தில் அதே ஒரு நாளில் பல மடங்கு பரப்பு முடிந்துவிடும். பக்கவாட்டில் ஒளி விழும் இடங்களில், அடுத்த நாள் பூச்சு முந்தைய நாள் பூச்சின்மேல் மெல்லிய விளிம்பாக ஏறியிருப்பதைக் காணலாம். மீட்படைந்தோர் காட்சியின் பொன்பின்னணியில் புடைத்து நிற்கும் பொற்புள்ளிகளையும் தேடிப் பாருங்கள். வெளிச்சம் குறைவான காலத்தில், மெழுகுவத்தி அசையும்போது அவை மின்ன வேண்டும் என்பதற்காகவே அப்படிச் செய்திருப்பார்கள் என்று நான் கருதுகிறேன்.

தங்கள் அம்மாவுக்கு ஒரு சிறிய முகக்கண்ணாடியைக் கையில் கொடுங்கள். மார்பளவில் கிடையாகப் பிடித்துக் குனிந்து பார்த்தால் கூரை முழுவதும் அதில் தெரியும். இடவலம் மட்டும் மாறியிருக்கும். சுவர்களின் மேற்பகுதிக்கு ஒரு சிறிய தொலைநோக்கி போதும்.

கல்விளக்கு

மேலே உள்ள இரு மறுமொழிகளும் அருமை. ஆனால் நேரே புனித பிரிச்சியோ சிற்றாலயத்துக்குள் நுழைவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். முதலில் வெளியே, முகப்பின் வலக்கோடித் தூணில் இருக்கும் இறுதித் தீர்ப்புப் புடைப்புச் சிற்பங்களைப் பாருங்கள். அவை கட்டடக் கலைஞர் லொரென்சோ மைத்தானி பேராலயப் பணியை ஏற்ற பிறகு, 14ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் செதுக்கப்பட்டவை. கல்லறைகளின் மூடியைத் தள்ளிக்கொண்டு எழுபவர்கள் அங்கேயும் இருக்கிறார்கள். சிஞ்ஞொரெல்லி வேலைக்கு வந்துபோன நாள்களில் இந்தத் தூணைக் கடக்காமல் இருந்திருக்க முடியாது.

பிறகு உள்ளே, எதிர்ப்பக்கமுள்ள திருமேனித்துணிச் சிற்றாலயத்துக்குச் செல்லுங்கள். 1263இல் போல்சேனா ஊரில், அப்பம் கிறிஸ்துவின் உடலாக மாறுகிறது என்னும் நற்கருணை நம்பிக்கையில் ஐயம் கொண்டிருந்த பொகேமிய நாட்டுக் குருவானவர் ஒருவர் திருப்பலி நிறைவேற்றும்போது அப்பத்திலிருந்து இரத்தம் கசிந்து பீடத்துணியை நனைத்தது என்பது மரபு. அத்துணி இங்கேதான் காக்கப்படுகிறது. மறு ஆண்டில் திருத்தந்தை நான்காம் உர்பான் நற்கருணைப் பெருவிழாவைத் திருச்சபை முழுமைக்கும் நிறுவினார். உகொலீனோ தி பிரேத்தே இலாரியோ 1357 முதல் 1364 வரை வரைந்த இச்சுவர்களில் அந்நிகழ்ச்சி படிப்படியாகச் சொல்லப்பட்டிருப்பதால், விளக்கம் கேட்டுப் பார்க்க விரும்பும் தங்கள் அம்மாவுக்கு இது மிகவும் பிடிக்கும். இன்றும் மக்கள் மன்றாடும் இடம் அது. பேச்சை வெளியே முடித்துக்கொண்டு உள்ளே போவது நல்லது.

அரை நாளில் இரண்டு சிற்றாலயங்களையும் முகப்பையும் பார்த்துவிடலாம். ஆனால் அந்த அரை நாள் பிற்பகலாக இருக்கட்டும். மாலை வெயில் முகப்பின்மேல் நேராக விழுந்து பொன்மொசைக்குகளைத் துலக்கும். ரோமிலிருந்து ரயிலில் வந்து, நிலையத்துக்கு எதிரே உள்ள கம்பிவட ரயிலில் பாறைக்கு மேல் ஏறி, அங்கிருந்து சிற்றுந்தில் பேராலயத்துக்குப் போகலாம். ஞாயிறு காலையில் திருப்பலி இருக்கும் என்பதால் வேறு நாளைத் தேர்ந்தெடுங்கள்.

பயணப்பை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. முகப்பு, திருமேனித்துணிச் சிற்றாலயம், பின்பு புனித பிரிச்சியோ என்ற வரிசையில் போகிறோம். ஒரே ஒரு ஐயம்: அந்திக்கிறிஸ்து ஓவியம் ஃப்ளோரன்ஸ் நகரில் போதித்த துறவி சவொனரோலாவைக் குறிக்கிறது என்று சில இடங்களில் படித்தேன். அது உறுதியானதா?

தெற்குவாசல்

உறுதியானது அல்ல, ஆய்வாளர்களில் ஒரு சாரார் முன்வைக்கும் விளக்கம். சவொனரோலா ஃப்ளோரன்ஸில் 1498 மே மாதம் தூக்கிலிட்டு எரிக்கப்பட்டார். அடுத்த ஆண்டே இங்கு வேலை தொடங்கியது. சிஞ்ஞொரெல்லியோ சவொனரோலாவின் எதிர்த்தரப்பான, ஃப்ளோரன்ஸை ஆண்ட மெதிச்சி குடும்பத்துக்கு வேலை செய்தவர். ஆகவே பொய்ப்போதகன் என்றதும் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயர் நினைவுக்கு வந்திருக்கலாம். ஆனால் ஓவியத்தில் இருப்பது அவருடைய முகம் அல்ல. அம்மாவிடம் சொல்லும்போது, ஏமாறும் கூட்டத்தைக் காட்டிச் சொல்லத் தொடங்குங்கள். அந்த முகங்களைத்தான் ஓவியர் ஒவ்வொன்றாகச் சிரத்தை எடுத்து வரைந்திருக்கிறார்.